கல்யாண வரவேற்புக்கு டி.வி. காமெடிக்காரரை அழைக்கலாமா?

கேள்வி: அக்கா, தை மாதம் என் மகளுக்குக் கல்யாணம். பெருந்துறையில் மண்டபம். திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருக்கும் என் தம்பி, "தாய்மாமன் செலவுங்க்கா" என்று சொல்லி, முதல் நாள் ராத்திரி வரவேற்புக்கு டி.வி.யில் வரும் காமெடிக்காரர் ஒருவரைக் கூட்டிவர நினைக்கிறான். மேனேஜர் என்று ஒருவர் போனில் பாதிப் பணத்தை அட்வான்ஸாகக் கேட்கிறார். மேடையில் அந்தக் காமெடிக்காரர் ஏதாவது ஏடாகூடமாகப் பேசி, மாப்பிள்ளை வீட்டார் மனசு கோணினால் என்ன செய்வது என்று எங்க வீட்டுக்காரருக்குப் பயம். தம்பி மனசும் நோகக்கூடாது.
– ஒரு வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: அம்மணி, தாய்மாமன் ஆசைப்படுவதில் தப்பே இல்லை. ஆனால் வரவேற்புக்குக் காமெடிக்காரர் வேண்டாம்.

நம்ம பக்கத்து வரவேற்பு எப்படி நடக்கிறது? ஆறரை மணிக்கு மேல் கார்கள் வந்துகொண்டே இருக்கும். வந்தவர் வரிசையில் நிற்பார், மேடையேறிக் கவரைக் கொடுப்பார், போட்டோவுக்கு நிற்பார், அப்படியே பந்திக்குப் போய்விடுவார். சேர்ந்தாற்போல் அரை மணி நேரம் நாற்காலியில் இருப்பது வயசான ஆத்தாமார்கள்தான். காமெடிக்கு உட்கார்ந்து காது கொடுக்கும் கூட்டம் வேண்டும். கூட்டம் சிரிக்கவில்லை என்றால் மேடையில் நிற்பவருக்குப் பதற்றம் வரும். எதிரில் யார் கண்ணில் படுகிறாரோ அவரைப் பிடித்துக் கலாய்க்க ஆரம்பிப்பார். உங்க வீட்டுக்காரர் பயப்படும் ஏடாகூடம் அங்கேதான் பிறக்கிறது.

ஒரு மணிவிழாவில் இதை நேரில் பார்த்தேன். பேச்சு எடுபடவில்லை என்றதும் அந்தக் கலைஞர் முன்வரிசைப் பெரியவர் ஒருவரின் வழுக்கையைக் காட்டி வரிசையாக ஜோக் சொன்னார். மண்டபமே சிரித்தது. பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே நடந்தார். சம்பந்தி வீட்டுப் பெரியப்பா அவர். தாம்பூலப் பையோடு மருமகள் பின்னாலேயே ஓடினாள். கார் கதவைச் சாத்திக்கொண்டு, ஒரு வாய் சாப்பிடாமல் போய்விட்டார்.

டி.வி.யில் பார்ப்பதை வைத்து ஆளை முடிவு செய்யாதீர்கள். விஜய் டி.வி.யில் 2005-ல் 'கலக்கப் போவது யாரு' தொடங்கியதிலிருந்து எத்தனையோ திறமைசாலிகள் வெளிச்சத்துக்கு வந்தார்கள், அது பெரிய விஷயம். ஆனால் அங்கே சில நிமிஷச் சரக்கை ஒத்திகை பார்த்து, படம்பிடித்து, வெட்டி ஒட்டிக் காட்டுகிறார்கள். மண்டபத்தில் ஒரு மணி நேரம் தனியாளாக நிற்பது வேறு வேலை. ஈரோடு மகேஷ், மதுரை முத்து மாதிரி நேர்மேடையிலும் பேசிப் பழகியவர்களுக்கு அது கைவரும், எல்லோருக்கும் வராது. யாரைக் கூப்பிட்டாலும் அவருடைய மேடை நிகழ்ச்சி ஒன்றை வெட்டாமல் முழுசாகப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

வரவேற்புக்கு வேண்டியவர் தொகுப்பாளர், அதுவும் வானொலியில் பேசிப் பழகிய ஆர்.ஜே. கோவையில் 1966-லிருந்து வானொலி நிலையம் இருக்கிறது. சூரியன், மிர்ச்சி, ஹலோ என்று தனியார் எஃப்.எம்.களும் உண்டு. பாட்டுக்கு நடுவே அரை நிமிஷம் பேசி நிறுத்துவதுதான் ஆர்.ஜே.க்களின் தொழில். ஆள் வருவதும் போவதுமாக இருக்கும் மண்டபத்துக்கு அந்தப் பேச்சே பொருந்தும். நம்ம பேச்சும் அவர்களுக்குப் பழக்கம். "வாங்க, சாப்டுட்டுத்தான் போகோணும்" என்று மைக்கில் ஒரு குரல் கேட்டால் வந்தவர்களுக்கு மனசு நிறையும்.

அவரிடம் ஒரு தாளில் இரண்டு வீட்டுப் பெரியவர்கள் பெயரையும் முறையோடு எழுதிக் கொடுங்கள். மாமாவைச் சித்தப்பா என்று கூப்பிட்டால் அதுவே ஒரு பஞ்சாயத்து ஆகிவிடும். நிறம், உடம்பு, குழந்தை இல்லாமை, கல்யாணம் தள்ளிப்போன பிள்ளைகள், சாதி, கட்சி ஆகியவற்றைத் தொடவே கூடாது என்பதையும் அதே தாளில் எழுதுங்கள். வாயால் சொன்னால் மறந்துபோகும். கொங்குக் கல்யாணச் சடங்குகளான இணைச்சீரும் மங்கல வாழ்த்தும் நடக்கும்போது மைக் அவர் கையில் இருக்க வேண்டாம், அது சீர்களை நடத்திவைக்கும் அருமைக்காரர் நேரம்.

தம்பிக்கு இன்னும் செலவு செய்ய ஆசை இருந்தால் வள்ளி, முருகன் கதையைப் பாடிக்கொண்டே ஆடும் வள்ளி கும்மிக் குழுவைக் கூப்பிடச் சொல்லுங்கள். பந்திக்குப் போகிறவர்கள்கூட நின்று பார்ப்பார்கள். மேட்டுப்பாளையம் பக்கத்துப் பெரியவர் பத்ரப்பனுக்கு 2024-ல் பத்மஸ்ரீ வாங்கிக் கொடுத்த கலை அது. திறந்தவெளியில் வைத்தால் இரவு 10 மணிக்குள் ஒலிபெருக்கியை நிறுத்த வேண்டும், 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதி அது.

அந்த டி.வி. காமெடிக்காரரைத் தம்பி தன் கம்பெனி ஆண்டு விழாவுக்கு அழைக்கட்டும். தொழிலாளர்கள் குடும்பத்தோடு வந்து உட்கார்ந்து கேட்பார்கள். சாப்பாட்டுக்கு முன்னால் முக்கால் மணி நேரம் கொடுங்கள், மனுஷர் பிரமாதமாகச் செய்வார். கம்பெனி கணக்கில் கொடுத்தால் டி.டி.எஸ். என்னும் வருமான வரிப் பிடித்தம் உண்டா என்று ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளட்டும்.

அட்வான்ஸ் மட்டும் இப்போதே போக வேண்டாம். அந்த மேனேஜர் நிஜமான ஆள்தானா என்று கலைஞருடைய அதிகாரப்பூர்வப் பக்கத்தில் இருக்கும் எண்ணில் விசாரியுங்கள். கலைஞரோடு வீடியோ காலில் ஒரு தடவை பேச வேண்டும் என்று கேளுங்கள். தேதி, மேடையில் எத்தனை நிமிஷம், கூட எத்தனை பேர், ரயிலா விமானமா, ரூம் யார் பொறுப்பு, வரமுடியாமல் போனால் பணம் எப்போது திரும்பும் என எல்லாம் எழுத்தில் வந்த பிறகு, வங்கி வழியாக அனுப்பச் சொல்லுங்கள். மீதியை மேடையேறும் முன்பே கேட்பார்கள், அது இந்தத் தொழிலில் வழக்கம்தான். அதற்குத் தயாராக இருக்கட்டும்.