சென்னைக்குப் படிக்க வந்த வவுனியாத் தங்கச்சிக்கு

தங்கச்சி,

எழும்பூருக்குச் சமூகப்பணி படிக்க வந்து ஐந்து மாதம் என்றும், படிப்பு முடிந்ததும் அகதிகளின் குடியுரிமை, நாடு திரும்புதல் போன்றவற்றைப் பார்த்துக் கொடுக்கும் வேலையில் சேர விருப்பம் என்றும் எழுதியிருந்தீர்கள். இலங்கைக் கடவுச்சீட்டோடு சென்னையில் அது முடியுமா, அதை நம்பி வாழலாமா என்பது உங்கள் கேள்வி. நான் 1990இல் பதினொரு வயதில் தலைமன்னாரில் இருந்து வள்ளத்தில் வந்து ராமேஸ்வரத்துக்குப் பக்கத்து மண்டபத்தில் இறங்கியவள். பத்தொன்பது வருடமாக இதே வேலை. ஆகவே கொஞ்சம் நீட்டித்தான் எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

விசா விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். மாணவர் விசாவில் சம்பளத்துக்கு வேலை செய்யக் கூடாது. கல்லூரி அனுப்பும் களப்பணிக்குப் போகலாம். படித்து முடித்தபின் தொண்டு நிறுவனம் கொடுக்கும் சம்பளத்தை வைத்து வேலை விசா எடுப்பது மிகவும் கடினம். இங்கே இருக்கும் வருடங்களில் நன்றாகக் கற்றுக்கொண்டு வவுனியாவில் போய் இதைச் செய்வதையும் யோசியுங்கள். திரும்பி வரும் குடும்பங்களுக்குக் காணி உறுதி (நிலப் பத்திரம்), அடையாள அட்டை, பிள்ளைகளின் பதிவு என்று கூட நின்று ஓட அந்தப் பக்கம்தான் ஆள் தேவை.

வீடு தேடி அலைகிறேன் என்று எழுதியது மனதில் நிற்கிறது. வெளிநாட்டவரைத் தங்கவைப்பவர் அதை 24 மணி நேரத்துக்குள் அரசுக்குத் தெரிவிக்கும் படிவத்தைப் பதிய வேண்டும் (2025 வரை இதற்குப் படிவம் சி என்று பெயர்). அந்தப் படிவத்துக்குப் பயந்தே பலர் "வீடு போயிடுச்சும்மா" என்பார்கள். உங்களைப் பிடிக்காமல் இல்லை. வளசரவாக்கம், போரூர்ப் பக்கம் கேட்டுப் பாருங்கள். எங்கள் சனம் நிறைய இருப்பதால் அங்கே வீட்டுக்காரர்களுக்கு இது பழகியிருக்கும். ஆட்டோக்காரர் "கேரளாவா?" என்று கேட்டால் கோபப்பட வேண்டாம். எனக்கு இன்னும் கேட்கிறார்கள்.

இனி வேலை. இந்தியா 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையிலும் 1967 நெறிமுறையிலும் கையெழுத்திடவில்லை. அகதிகளுக்கென்று தனிச்சட்டமும் இல்லை. பர்மா, ஆப்கானிஸ்தானில் இருந்து வந்தவர்களின் மனுக்களை ஐ.நா. அகதிகள் ஆணையம் பார்க்கிறது. எங்களைப் பதிவதும் முகாமில் வைப்பதும் அரசு நேரடியாகச் செய்வது. 2021இல் முகாம்களுக்கு இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாறியது, குடும்பத் தலைவருக்கு 1,000 ரூபாயாக இருந்த மாத உதவி 1,500 ஆனது, புது வீடுகளும் அறிவித்தார்கள். அந்த வீடுகளின் அருமை ஓட்டைத் தகரத்துக்குக் கீழே மழைக்காலம் கழித்தவர்களுக்குத்தான் தெரியும். ஆனால் குடியுரிமை வேறு விஷயம். 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் எங்களுக்கு இடமில்லை. 2025 செப்டம்பரில் வந்த ஆணை, 2015 ஜனவரி 9 வரை வந்து பதிந்த இலங்கைத் தமிழர்களுக்குக் கடவுச்சீட்டும் விசாவும் இல்லாததற்கான தண்டனையில் இருந்து விலக்குக் கொடுத்தது. "அப்ப எங்களுக்குக் குடியுரிமை கிடைச்சிட்டுதா?" என்று அந்த வாரம் முழுக்க ஃபோன். இல்லை என்று ஒவ்வொருவருக்கும் சொன்னேன். அதைச் சொல்வதும் இந்த வேலைதான். என் கையிலும் குடியுரிமை இல்லை.

அதற்காக எல்லாக் கதவும் பூட்டியிருக்கிறது என்று நினைக்காதீர்கள். இந்திய மண்ணில் 1987 ஜூலை 1க்கு முன் பிறந்தவர், பெற்றோர் யாராக இருந்தாலும், பிறப்பால் இந்தியக் குடிமகன். இலங்கையில் 1983 கலவரத்துக்குப் பிறகு வந்தவர்களின் பிள்ளைகள் சிலர் இதற்குள் வருவார்கள். கும்மிடிப்பூண்டி முகாமில் இருந்து ஒரு பெண் துணிக்கடைப் பையில் தாள்களைச் சுருட்டிக்கொண்டு வந்தாள். நான்காக மடித்து மடித்து மடிப்பிலேயே கிழிந்துபோன பிறப்புச் சான்றிதழ். பின்னால் சோற்றுப்பசை போட்டு நாட்காட்டித் தாள் ஒட்டியிருந்தது. தேதி 1987 ஜூன் 9. பள்ளிச் சான்றிதழிலோ 1988. சேர்க்கப் போன நாளில் ஆசிரியர் கேட்டாராம், அம்மா விரல் மடித்துக் கணக்குப் பார்த்துச் சொன்னாராம். முகாம் அட்டை பள்ளிச் சான்றிதழைப் பார்த்து எழுதியது. மூன்று வாரக் கணக்கில் நிற்கும் ஒரு குடியுரிமை! மருத்துவமனைப் பதிவேட்டின் நகலுக்கு மட்டும் ஏழு மாதம் நடந்தோம். மனு போயிருக்கிறது, பதில் இன்னும் வரவில்லை.

மலையகத்தில், அதாவது இலங்கைத் தேயிலைத் தோட்டப் பகுதியில், இருந்து வந்தவர்களிடம் தாத்தா பாட்டியின் தாள்களைக் கேளுங்கள். தோட்டத் தமிழர்களை இரு நாடுகளும் பிரித்து ஏற்றுக்கொள்ளப் போட்ட 1964 சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியக் குடியுரிமைக்கு மனுப் போட்ட குடும்பமாக இருக்கலாம். இப்படிப்பட்டவர்களின் கோரிக்கையை அரசு பரிசீலிக்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2019இல் தீர்ப்புச் சொன்னது.

ஊருக்குத் திரும்ப நினைப்பவர்களுக்கு, இங்கே பிறந்த பிள்ளைகளை இலங்கைத் துணைத் தூதரகத்தில் பதிய வேண்டும், வெளியேறும் அனுமதி எடுக்க வேண்டும். இதில்தான் நான் ஒரு குடும்பத்தைக் கெடுத்தேன். வேலைக்கு வந்த இரண்டாம் வருடம். "தை மாதம் போயிடலாம் அண்ணா" என்று ஒரு பெயின்டர் அண்ணாவிடம் சொல்லிவிட்டேன். அவர் என் வாயை நம்பி டிவி, கட்டில், தையல் மெஷின் எல்லாம் விற்றார். பிள்ளைகளின் டிசியை வாங்கிவிட்டார். ஓர் அலுவலகத்தில் கோப்பு நின்றுபோய், அனுமதி ஆடியில்தான் வந்தது. வெறுந்தரையில் படுத்து ஆறு மாதம்; மூத்தவனுக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை போயிற்று. அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அன்றிலிருந்து யாருக்கும் மாதம் சொல்வதில்லை. எந்தத் தாள் எந்த மேசையில் இருக்கிறது என்பதை மட்டும் சொல்வேன்.

கனடா, ஆஸ்திரேலியா பற்றிக் கேட்டு வருகிறவர்கள்தான் அதிகம். ஐ.நா. ஆணையம் வேறொரு நாட்டுக்கு அனுப்பிக் குடியமர்த்துவது உலகிலேயே மிகச் சிறிய தொகை அகதிகளைத்தான்; அதற்குக் கட்டணம் இல்லை, ஏஜென்டும் இல்லை. பணம் கேட்டாலே அது பொய். படகில் வருகிறவர்களை நாட்டுக்குள் குடியமர்த்தப் போவதில்லை என்று ஆஸ்திரேலியா 2013 ஜூலையிலேயே சொல்லிவிட்டது. அதன் பிறகும் தாலிக்கொடி விற்றுக் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும். உங்களிடம் ஒருவர் அப்படி வந்தால் உடனே "போகாதீர்கள்" என்று தொடங்காதீர்கள். யாருக்கு எவ்வளவு கொடுத்தீர்கள் என்று கேளுங்கள், தேநீர் கொடுங்கள், முழுக்கக் கதைக்க விடுங்கள். பிறகு சொன்னால்தான் காதில் ஏறும்.

வருமானம் வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் போதும், சேமிப்பு என்று ஒன்றும் நிற்காது. இதை வீட்டில் அம்மாவிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.

கல்லூரியில் களப்பணிக் கடிதம் வாங்கிக்கொண்டு ஒரு சனிக்கிழமை வாருங்கள். காலை பத்து மணிக்குப் புழல் முகாமில் இருந்து நான்கு குடும்பம் வரும். முதல் நாள் நீங்கள் ஒன்றும் எழுத வேண்டாம். பக்கத்தில் இருந்து, ஒரே ஆளின் பெயர் ஐந்து தாளில் ஐந்து விதமாக எழுதியிருப்பதைப் பாருங்கள். உங்கள் தங்குமிடப் படிவம், பதிவுத் தாள் எல்லாவற்றையும் கையோடு கொண்டு வாருங்கள், அவற்றிலும் பெயர் சரியாக இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுவோம்.

அன்புடன்,
அக்கா