தோரணம் கட்டக் கடன் வாங்கணுமா?

கேள்வி: பையனுக்கு அடுத்த மாசம் முதல் பிறந்தநாள். வீட்டு மொட்டைமாடியிலேயே ஐம்பது பேரைக் கூப்பிட்டுச் செய்யலாம் என்று இருக்கிறோம். பலூன் வளைவு, பின்னால் திரை, பெயர் எழுதின போர்டு எல்லாம் சேர்த்து 8,000 ரூபாய் கேட்கிறார் டெக்கரேஷன்காரர். எங்களால் 1,500 ரூபாய்தான் முடியும். அந்தக் காசில் நாங்களே செய்துவிட முடியுமா? – வியாசர்பாடி வாசகி

பதில்: முடியும், 1,500 தாராளமாகப் போதும். ஆனால் அவர் போனில் காட்டின அதே வளைவை வீட்டில் செய்ய உட்காராதீர்கள். அதற்கு நூறு, நூற்றைம்பது பலூன் ஊதணும், இரண்டு பேர் மத்தியானம் முழுக்க அதிலேயே கிடக்கணும், சாயங்காலம் கேக் வெட்டுகிற நேரத்தில் பலூனோடு சேர்ந்து வீட்டுக்காரர் முகமும் ஊதிப் போயிருக்கும். அதுவும் மொட்டைமாடி என்கிறீர்கள். மூன்று மணிக்குக் கட்டின பலூன் ஐந்து மணிக்குள் பட் பட்டென்று வெடிக்க ஆரம்பித்துவிடும், ஏனென்றால் சூட்டில் உள்ளே இருக்கிற காற்று விரியும், ரப்பரும் வெயில் பட்டுப் பளபளப்பு போய் மங்கிவிடும். ஐம்பது பலூன் போதும். முழுசாக ஊதாமல் முக்கால்வாசி ஊதி, வெயில் இறங்கின பிறகு மூலைக்குப் பத்தாகக் கொத்துக் கொத்தாகக் கட்டுங்கள். ஒரு கைப்பம்பு வாங்கிக்கொள்ளுங்கள், வாயால் ஊதிச் சாதிக்க வேண்டாம்.

இன்னொன்று, இது முதல் பிறந்தநாள் என்பதால் சொல்கிறேன். வெடித்த பலூன் துண்டை உடனே பொறுக்கிவிடுங்கள். ஒரு வயசுக் குழந்தை கீழே கிடப்பதையெல்லாம் வாயில்தான் போடும், ரப்பர் துண்டு தொண்டையில் ஒட்டிக்கொண்டால் எடுப்பது ரொம்பக் கஷ்டம். பலூனைக் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் கட்டுவதற்கு அழகு மட்டும் காரணமில்லை.

பின்திரைக்குக் காசே செலவழிக்காதீர்கள். துணி காயப்போடுகிற கொடி இருக்கிறதே, அதில் ஒரே நிறப் புடவை இரண்டை இஸ்திரி போட்டுக் கொசுவி விட்டாலே திரை ஆகிவிடும். அதன்மேல் காகித விசிறி வட்டங்கள். இதைச் செய்கிற முறை தெரிந்தால் இனி எந்த விசேஷத்துக்கும் கடைக்குப் போக மாட்டீர்கள். கலர் ஏ4 தாளை, புடவைக்குக் கொசுவம் வைப்பது மாதிரி, விரல் அகலத்துக்கு முன்னும் பின்னும் மடித்துக்கொண்டே போகணும். கையில் இருபத்தொரு சென்டிமீட்டர் நீளத்தில் பட்டை மாதிரி வரும்படி மடிக்கணும், திருப்பிப் போட்டு மடித்தால் வட்டம் ஒல்லியாகிவிடும். நடுவில் நூலால் இறுக்கிக் கட்டி, இரண்டு பக்கமும் விரித்து, இதே மாதிரி செய்த இன்னொரு தாளோடு ஓரத்தை ஒட்டினால் ஒரு சாண் அகலத்துக்கு முழு வட்டம் கிடைத்துவிடும். மூன்று தாள் போட்டால் நெருக்கமாக, விறைப்பாக நிற்கும். சார்ட் பேப்பர் வாங்காதீர்கள், அது மடிக்கிற இடத்தில் வெடிக்கும். சாதாரண ஜெராக்ஸ் தாள் கனத்தில் கலர் தாள் போதும்.

இதெல்லாம் பாரிமுனைப் பக்கம் ஆண்டர்சன் தெருவிலும் பந்தர் தெருவிலும் கிடைக்கும். மெட்ரோவில் ஹைகோர்ட் ஸ்டேஷனில் இறங்கினால் நடக்கிற தூரம்தான். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், பெரும்பாலான கடை மூடியிருக்கும். காகிதம், நூல், பசை, பம்பு, பலூன் எல்லாம் ஆயிரத்துக்குள் அடங்கிவிடும், மிச்சத்தைக் கேக்கில் போடுங்கள். பலூன் பாக்கெட்டை மட்டும் பார்த்து வாங்குங்கள். போன வருஷம் எங்கள் வீட்டு விசேஷத்துக்கு நான் வாங்கின பாக்கெட்டில் 100 என்று போட்டிருந்தது, எண்ணிப் பார்த்தால் 83. யார் தயாரித்தது என்று ஒரு வரி கூட அதில் இல்லை, அப்புறம் யாரிடம் போய்ச் சண்டை போடுவது? பாக்கெட் போட்ட எந்தப் பொருளானாலும் தயாரித்தவர் பெயர், முகவரி, எண்ணிக்கை, எம்ஆர்பி அச்சாகி இருக்கணும். அது இல்லாத பாக்கெட் பத்து ரூபாய் குறைவாகக் கிடைத்தாலும் எனக்கு வேண்டாம்.

மேலே மிதக்கிற கேஸ் பலூன் வேண்டும் என்று யாராவது ஆசைப்பட்டால், நிரப்புகிறவரிடம் ஹீலியமா ஹைட்ரஜனா என்று கேளுங்கள். ஹைட்ரஜன் விலை குறைவு, தீப்பிடிக்கிற கேஸ். பிறந்தநாள் கேக்கில் மெழுகுவத்தி ஏற்றுவீர்கள் இல்லையா, இரண்டும் ஒரே மேஜையில் வேண்டாம்.

கேள்வி: வருஷா வருஷம் டிசம்பரில் காகித நட்சத்திரம் வாங்கி வாசலில் மாட்டுகிறேன். பத்து நாளில் ஓரம் கிழிந்து தொங்குகிறது, கிறிஸ்துமஸ் அன்றைக்குப் பார்க்கவே பரிதாபமாக இருக்கிறது. இன்னும் விலை கொடுத்து நல்லதாக வாங்கணுமா? – ராயபுரம் வாசகர்

பதில்: வேண்டாம் சார், பழையபடி மூங்கில் சிம்பில் செய்துவிடுங்கள். மடக்கி விரிக்கிற அட்டை நட்சத்திரத்துக்கு உள்ளே எலும்பே கிடையாது. டிசம்பர் மழையும் பனியும் பட்டால் அது தொங்காமல் என்ன செய்யும்?

தட்டியும் ஏணியும் விற்கிற மூங்கில் கடையில் பத்துச் சிம்பு வாங்குங்கள், எல்லாம் ஒரே நீளம், இரண்டடி போதும். ஒரு சிம்பு அரை அங்குலம் குறைந்தாலும் நட்சத்திரம் நொண்டும், அதனால் வெட்டும்போதே பத்தையும் சேர்த்துப் பிடித்து வெட்டச் சொல்லுங்கள். ஐந்து சிம்பைத் தரையில் வைத்து, கோலத்தில் கை எடுக்காமல் நட்சத்திரம் போடுவோமே, அந்த வரிசையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி இறங்குகிற மாதிரி கோத்து, முனைகளைக் கட்டுங்கள். கட்டுவதற்கு நூலை விடப் பழைய சைக்கிள் ட்யூபைக் கீறின பட்டை நல்லது, வழுக்காது, பஞ்சர் கடையில் சும்மாவே கொடுப்பார்கள். இதே மாதிரி இன்னொரு நட்சத்திரம் கட்டி, ஒன்றன்மேல் ஒன்று வைத்து, ஐந்து முனையையும் சேர்த்துக் கட்டணும். அப்புறம் நடுவில் சிம்புகள் குறுக்கே வெட்டிக்கொள்கிற ஐந்து இடத்திலும் நாலு அங்குலக் குச்சி ஒன்றை நிமிர்த்தி முட்டுக் கொடுங்கள். அதுவரை தட்டையாகக் கிடந்தது வயிறு புடைத்து எழுந்து நிற்கும் பாருங்கள், குழந்தைகள் கை தட்டுகிற இடம் அதுதான்.

ஒட்டுவதற்கு மைதா பசை போதும். ஒரு டம்ளர் பச்சைத் தண்ணீரில் இரண்டு ஸ்பூன் மைதாவைக் கட்டி இல்லாமல் கரைத்து, அப்புறம்தான் அடுப்பில் வைத்துக் கிளறணும், கண்ணாடி மாதிரி ஆனதும் இறக்கிவிடலாம். வாசல் வெட்டவெளியாக இருந்தால் டிஷ்யூ பேப்பரோ கிரேப் பேப்பரோ வேண்டாம், நனைந்தால் சாயம் இறங்கிச் சுவரெல்லாம் சிவப்பாகிவிடும். ஜிலேட்டின் தாள் போடுங்கள், அதற்கு மட்டும் மைதா பிடிக்காது, செல்லோ டேப்தான். உள்ளே 5 அல்லது 7 வாட் எல்இடி. பழைய 60 வாட் குண்டு பல்பு மாட்டினால் அந்தச் சூட்டுக்குத் தாள் கருகும். பிளக்கிலிருந்து ஹோல்டர் வரை ஒரே ஒயராக இருக்கட்டும். நடுவில் முறுக்கி டேப் சுற்றின ஜாயின்ட் மழையில் நனைகிறது என்றால் அந்த நட்சத்திரத்தை மாட்டவே வேண்டாம்.

ஜனவரியில் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, கூட்டைப் பரண்மேல் வையுங்கள். அடுத்த வருஷம் தாள் செலவு மட்டும்தான்.

கேள்வி: கொலுவுக்குக் கோயில் கோபுரம் செய்யத் தெர்மாகோல் கேட்டேன். ஒரு கடைக்காரர் அது தடை, விற்கக்கூடாது என்கிறார். பக்கத்துக் கடையில் உள்ளே போய் எடுத்து வந்து கொடுக்கிறார்கள். யார் சொல்வது நிஜம்? – கொளத்தூர் வாசகி

பதில்: முதல் கடைக்காரர் சொன்னதுதான் நிஜம், அடுத்த தடவையும் அவரிடமே வாங்குங்கள். 2022 ஜூலை 1 முதல் நாடு முழுக்கத் தடை செய்த ஒருமுறை உபயோகப் பிளாஸ்டிக் பட்டியலில் அலங்காரத் தெர்மாகோலும் உண்டு. விற்பது மட்டுமில்லை, பயன்படுத்துவதும் தடைதான். பலூனைச் செருகுகிற பிளாஸ்டிக் குச்சி, பிளாஸ்டிக் கொடி, பிளாஸ்டிக் தட்டு, டம்ளர், ஸ்பூன், ஸ்ட்ரா, ஸ்வீட் பாக்ஸ்மேல் சுற்றுகிற பிளாஸ்டிக் தாள் எல்லாம் அதே பட்டியல்தான். தமிழ்நாட்டில் தெர்மாகோல் தட்டும் டம்ளரும் 2019 ஜனவரி 1 முதலே கூடாது. கடையில் கிடைக்கிறது என்பதால் தடை இல்லை என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். விசேஷம் முடிந்த மறுநாள் அது எங்கே போகும் என்று கொடுங்கையூர்ப் பக்கம் இருக்கிறவர்களைக் கேட்டால் தெரியும், குப்பைமேட்டுப் பக்கத்திலேயே குடித்தனம் நடத்துகிறவர்கள் அவர்கள்.

கோபுரத்துக்கு அட்டைப்பெட்டியே போதும். மளிகைக் கடையில் சும்மா கிடைக்கும், இல்லாவிட்டால் பழைய பேப்பர் கடையில் எடைக்கு வாங்கலாம். ஒற்றை அட்டை வளையும். அட்டைக்குள்ளே நெளி நெளியாக வரி ஓடும் பாருங்கள், ஒரு துண்டில் அது நெடுக்காகவும் அதன்மேல் ஒட்டுகிற துண்டில் குறுக்காகவும் வருகிற மாதிரி மூன்று அடுக்கு ஒட்டி, மேலே நாலு கனமான புத்தகத்தை வைத்து ஒரு ராத்திரி விட்டுவிடுங்கள். பலகை மாதிரி ஆகிவிடும். அதன்மேல் செய்தித்தாளை மைதா பசையில் ஒட்டிச் சுண்ணாம்பு அடித்தால், அட்டை என்று நீங்கள் சொன்னால்தான் தெரியும். பொம்மை மட்டும் கொசப்பேட்டையில் போய் வாங்குங்கள். அதில் கை வைத்து நாமே செய்கிறேன் என்று இறங்கி, நான் ஒருதரம் செய்த பிள்ளையாரை எங்கள் அக்கா பையன் யானைக்குட்டி என்று சொல்லி விளையாட எடுத்துப் போய்விட்டான்.

கேள்வி: தீபாவளிக்கு வாங்கின சீரியல் லைட்டில் வீட்டுக்கு வந்து போட்டால் பாதிதான் எரிகிறது. பில்லில் "விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்று போட்டிருப்பதால் மாற்றித் தர மாட்டேன் என்கிறார் கடைக்காரர். அவ்வளவுதானா? – தண்டையார்பேட்டை வாசகர்

பதில்: அவ்வளவுதான் என்று சட்டம் சொல்லவில்லை. நிறம் பிடிக்கவில்லை, மனசு மாறிவிட்டது என்று திருப்பிக் கொடுக்கப் போனால் கடைக்காரர் மறுக்கலாம். ஆனால் பழுதான பொருள் விஷயம் வேறு. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-ன்படி, பழுதான பொருளைப் பில்லில் குறித்த கெடுவுக்குள், கெடு எதுவும் இல்லையென்றால் 30 நாளுக்குள், திரும்ப வாங்கிப் பணம் தர மறுப்பது முறையற்ற வணிகம். பில் தராமல் விற்பதும் அப்படித்தான். இதைச் சத்தம் போடாமல், கடையில் கூட்டம் இருக்கும்போது சொல்லுங்கள், பாதி விவகாரம் அங்கேயே தீர்ந்துவிடும். மசியவில்லை என்றால் 1915-க்குப் போன் போட்டுப் புகாரைப் பதியுங்கள், அது தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் மேலே மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது, பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. ஆனால் ஒரு சரம் லைட்டுக்காக அந்தப் படி ஏறுவீர்களா என்பது உங்கள் வைராக்கியத்தைப் பொறுத்தது. நான் ஏற மாட்டேன், போன் போடுவதோடு சரி.

பாதி எரிவது ஏன் என்று கேட்டால், அந்தச் சரம் ஒரே கண்ணியாக இருக்காது, இரண்டு மூன்று பகுதியாகப் பிரித்துக் கோத்திருப்பார்கள், ஒரு பகுதியில் ஒரு பல்பு போனாலோ ஒயர் விட்டாலோ அந்தப் பகுதி முழுக்கச் செத்துவிடும். அதனால் கடையிலேயே பிளக்கில் போட்டு, ஐந்து நிமிஷம் எரியவிட்டு, சரத்தை அங்கங்கே லேசாக முறுக்கிப் பாருங்கள். "அண்ணே, கூட்டமா இருக்கு, வீட்ல போய்ப் பாத்துக்கங்க" என்றால் அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள். காகிதத்தில் எவ்வளவு வேண்டுமானாலும் சிக்கனம் பிடிக்கலாம், கரண்டில் கூடாது.

கேள்வி: ஆன்லைனில் பார்ட்டி டெக்கரேஷன் கிட் 499 ரூபாய்க்கு வருகிறதே, வாங்கலாமா? – மாதவரம் வாசகி

பதில்: உள்ளே என்னென்ன எத்தனை என்று எண்ணிக்கை போட்டிருந்தால் யோசிக்கலாம். படத்தை மட்டும் பெரிசாகப் போட்டிருந்தால் அந்தக் காசுக்குப் பாரிமுனையில் மூன்று விசேஷத்துக்குக் காகிதம் வாங்கிவிடலாம்.

கேள்வி: மகளுக்கு வீட்டிலேயே வளைகாப்பு. ஹாலை அலங்கரிக்கணும், வந்தவர்களுக்குத் தாம்பூலத்தோடு ஏதாவது கொடுக்கவும் வேண்டும். இரண்டுக்கும் தனித்தனியாகச் செலவு செய்யத் தெம்பில்லை. – திருவொற்றியூர் வாசகி

பதில்: இரண்டையும் ஒன்றாக்கிவிடுங்களேன், அம்மா. வாசலுக்கு மாவிலையும் குருத்தோலையும் போதும், குருத்தோலை கிழித்து மடித்துத் தோரணம் கட்டுகிறவர்கள் உங்கள் ஊரில் கோயில் வாசலிலேயே இருப்பார்கள். ஹாலுக்குக் கண்ணாடி வளையல் தோரணம். பாரிமுனையை ஒட்டின பூக்கடை ஏரியாவில் மொத்தக் கடையில் டஜன் கணக்கில் வாங்கி, டஜன் டஜனாக ரிப்பனில் கோத்துச் சுருக்கு முடிச்சாகப் போட்டுத் தொங்கவிடுங்கள். இறுக்கி முடிச்சுப் போட்டால் அவிழ்க்கும்போது பாதி உடையும். பச்சையும் சிவப்பும் மாறி மாறி, பின்னால் ஒரு வெள்ளை வேட்டி, ஜன்னல் வெளிச்சம் விழுந்தால் சுவரெல்லாம் கலர் தெரியும். சடங்கு முடிந்து கிளம்புகிறவர்களுக்கு ஒவ்வொரு ரிப்பனாக அவிழ்த்து வெற்றிலை பாக்கோடு கையில் கொடுத்துவிட்டால் சாயங்காலம் ஹாலில் கூட்டுவதற்குக்கூட ஒன்றும் இருக்காது. அளவு மட்டும் 2.4, 2.6, 2.8 மூன்றும் கலந்து வாங்குங்கள். சம்பந்தியம்மாவுக்குப் பத்தாமல் போய்விட்டது என்றால் அந்தப் பேச்சு குழந்தைக்குக் காது குத்துகிற வரை ஓடும்.