பட்டுப்போகும் பாலை மரமும் 18,000 ரூபாய் அனுமதிக் கடிதமும்

கேள்வி: ஐயா, எங்களுக்கு வேதாரண்யம் பக்கம் ஒரு கிராமம். அப்பா உப்பளத்தில் வேலை பார்க்கிறார். நான் முதுகலைத் தாவரவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். கொடியக்கரை சரணாலயத்தில் பாலை மரங்கள் நுனியிலிருந்து காய்ந்துகொண்டு வருவதை ஆய்வு செய்யச் சொல்லியிருக்கிறார் என் வழிகாட்டிப் பேராசிரியர். காய்ந்த கிளை, பட்டை எடுத்துப் பூஞ்சை பார்க்க வேண்டும். நான்கு மாதம்தான் இருக்கிறது. 18,000 ரூபாய் கொடுத்தால் பத்தே நாளில் வனத்துறை அனுமதி வாங்கித் தருகிறேன், மாதிரியும் நானே எடுத்துத் தந்து பரிசோதனை அறிக்கையும் தருகிறேன் என்று ஒருவர் சொல்கிறார். கொடுக்கலாமா? இல்லையென்றால் சுற்றுலா போகிறவர்களைப் போல உள்ளே போய், கீழே விழுந்து கிடக்கிற கிளைகளை மட்டும் பொறுக்கி வந்தால் தப்பா?

பதில்: கொடுக்காதீர்கள் அம்மா. உப்பளத்து வெயிலில் நின்று உங்கள் அப்பா சேர்த்த பணம் அது. ஒரு ரூபாய்கூட அந்த ஆள் கைக்குப் போகக் கூடாது.

கொடியக்கரை 1967-ல் அறிவிக்கப்பட்ட சரணாலயம். அதற்குள் ஆய்வுக்காக நுழைய அனுமதி தருகிறவர் மாநிலத்தின் தலைமை வன உயிரினக் காப்பாளர். சென்னையில் இருக்கிறார். 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 28-ஆவது பிரிவு அந்த அதிகாரத்தை அவருக்குத் தந்திருக்கிறது. உங்கள் விண்ணப்பம் கல்லூரியின் கடிதத்தாளில், வழிகாட்டியும் முதல்வரும் கையெழுத்திட்டு அவருக்குப் போக வேண்டும். ஒரு நகலை நாகப்பட்டினத்தில் இருக்கும் வன உயிரினக் காப்பாளர் அலுவலகத்தில் நேரில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கி வையுங்கள். இந்த வழியில் எங்கேயும் முகவர் என்று ஒருவருக்கு வேலையே கிடையாது. கட்டணம் ஏதாவது கட்டச் சொன்னால் அது அரசுக் கணக்குக்குப் போகும், ரசீது வரும். யாருடைய கைப்பேசி எண்ணுக்கும் பணம் அனுப்பச் சொல்ல மாட்டார்கள்.

சில வருடங்களுக்கு முன்னால் ஒரு மாணவர் என்னிடம் அனுமதிக் கடிதத்தைக் காட்டினார். முத்திரை இருந்தது, கையெழுத்து இருந்தது, கோப்பு எண்ணும் இருந்தது. அந்த எண்ணைச் சொல்லி அலுவலகத்தில் விசாரித்தால் அப்படி ஒரு கோப்பே இல்லை. பையன் அதை நம்பி இரண்டு முறை காட்டுக்குள் போய்வந்திருந்தான். மூன்றாவது முறை பிடித்தார்கள். படிப்பு ஒரு வருடம் தள்ளிப்போனது. கடிதம் கொடுத்தவருக்கு எதுவும் ஆகவில்லை, இன்னும் அதே தொழிலில்தான் இருக்கிறார்.

‘மாதிரியும் நானே எடுத்துத் தருகிறேன்’ என்கிறாரே, அது இதைவிட மோசம். ஒரு வாய்மொழித் தேர்வில் இரண்டு மாணவிகளின் ஆய்வேடுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். வேறு வேறு மாவட்டம், வேறு வேறு மரம், நுண்ணோக்கியில் எடுத்த பூஞ்சைப் படம் மட்டும் ஒன்றே. இரண்டு பேருக்கும் ஒரே ஆள் அறிக்கை விற்றிருக்கிறார். அந்தப் பிள்ளைகள் அழுதது இன்னும் கண்ணில் நிற்கிறது. மர நோய் ஆய்வு என்றாலே எந்த மரம், எந்தத் திசையில் காய்ந்தது, பக்கத்து மரம் எப்படி இருக்கிறது, காலடியில் தண்ணீர் நின்றதா என்று பார்ப்பதுதான். அதை வேறொருவர் செய்து பையில் போட்டுத் தந்தால் உங்கள் கையில் இருப்பது வெறும் சுள்ளி.

சரி, விழுந்த கிளைக்கு வருகிறேன். தப்புதான். மரத்தில் இருந்தாலும் தரையில் கிடந்தாலும் காட்டிலிருந்து வரும் இலை, பட்டை, ஏன், மேல்மண்கூட வனப்பொருள்தான். 1882-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு வனச் சட்டத்திலிருந்து அதுதான் நிலை. சரணாலயம் என்றால் கூடுதலாக வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 29-ஆவது பிரிவும் இருக்கிறது, அனுமதி இல்லாமல் வனப்பொருளை அகற்றக் கூடாது என்று. சுற்றுலாவுக்கு வாங்கும் சீட்டு பார்ப்பதற்கு மட்டுமே. சட்டத்தை விடுங்கள், ஆய்வுக்கும் அது கெடுதல். விழுந்த கிளையில் வளர்வது பெரும்பாலும் செத்த மரத்தைத் தின்னும் பூஞ்சை. மரத்தைக் கொன்றது எது என்று அதிலிருந்து தெரியாது.

விண்ணப்பம் எழுதும்போது எல்லோரும் சறுக்குகிற இடம் ஒன்று உண்டு. உள்ளே நுழைவது ஒன்று, எதையாவது எடுத்து வருவது இன்னொன்று. நுழைவது 28-இல் வருகிறது, அது ஓரளவு எளிது. எடுப்பது 29-இல் வருகிறது. அங்கே வன உயிரினங்களின் மேம்பாட்டுக்கோ நல்ல பராமரிப்புக்கோ அது தேவை என்று அரசு கருதினால்தான் அனுமதி. அதனால் ‘எனது முதுகலைப் பட்டத்திற்காக’ என்று தொடங்கி எழுதினால் கோப்பு அப்படியே கிடக்கும். பாலை மரம் அந்தக் காட்டின் தாய் மரங்களில் ஒன்று, பறவைகள் அதன் பழத்தைத் தின்கின்றன, அது காய்ந்தால் வேலிகாத்தான் என்கிற சீமைக் கருவேலம் உள்ளே பரவ வழி கிடைக்கும், காரணம் தெரிந்தால் துறைக்கு இன்ன விதத்தில் உதவும் என்று எழுதுங்கள். எத்தனை மரம், ஒரு மரத்துக்கு எத்தனை சிறு கிளை, எத்தனை நாள், எந்தப் பகுதி, எல்லாம் எண்ணாகக் கொடுங்கள். வனக் காப்பாளர் ஒருவர் கூட இருக்கும்போதுதான் எடுப்போம் என்று நீங்களே முன்வந்து சொல்லுங்கள். அப்புறம், நுழைந்து பார்த்து அளப்பதை ஒரு பகுதியாகவும், மாதிரி எடுப்பதை இன்னொரு பகுதியாகவும் பிரித்துக் கேளுங்கள். இரண்டாவது தாமதமானாலும் முதலாவது கிடைக்கலாம்.

பல்லுயிர் ஆணையத்திலும் அனுமதி வேண்டும், அதற்கு இன்னொரு தொகை என்று அந்த ஆள் அடுத்து வருவார். இந்தியக் குடிமகள் நீங்கள், இந்தியக் கல்லூரியில் படிப்புக்காகச் செய்கிறீர்கள், மாதிரி நாட்டைவிட்டு வெளியே போகவில்லை. அது உங்களுக்குத் தேவையில்லை.

பத்து நாளில் வராது. நான்கு மாதத்துக்குள் வருமா என்பதும் சந்தேகம். எனக்கே கோபம் வருகிற இடம் இது. முதுகலை மாணவருக்கு ஆய்வுக்காலம் நான்கு மாதம் என்று பல்கலைக்கழகம் வைத்திருக்கிறது. கோப்பு சரகம், கோட்டம், சென்னை என்று போய் அதே வழியில் திரும்பி வர வேண்டும் என்று துறை வைத்திருக்கிறது. இரண்டும் ஒருநாளும் உட்கார்ந்து பேசியதில்லை. காடு காய்வதை முதலில் பார்ப்பது பக்கத்து ஊர்ப் பிள்ளைகள்தான். அவர்கள் கண்ணும் காலும் துறைக்குச் சும்மா கிடைக்கிறது, அதை வாசலிலேயே நிறுத்தி வைக்கிறோம். அந்தத் தாமதத்தில்தான் 18,000 ரூபாய் ஆட்கள் பிழைக்கிறார்கள். உங்கள் பேராசிரியர் தலைப்பைக் கொடுத்த அன்றே விண்ணப்பத்தையும் அனுப்பியிருக்க வேண்டும். இதை அவரிடம் மரியாதையாகச் சொல்லுங்கள், ஆனால் சொல்லுங்கள்.

அதுவரை என்ன செய்வது? சொந்தப் பட்டா நிலத்தில் நிற்கும் மரத்தை ஆய்வு செய்ய வனத்துறை அனுமதி வேண்டாம். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதிலும் பிள்ளைகள் மாட்டிக்கொள்கிறார்கள். பட்டா என்றால் பட்டாதான். ‘எங்கள் பெரியப்பா ரொம்ப நாளாக அனுபவித்து வருகிறார்’ என்பது பட்டா ஆகாது, அது புறம்போக்காக இருக்கலாம். சாலையோர மரம் நெடுஞ்சாலைத் துறையுடையதோ ஊராட்சியுடையதோ. கோயில் நிலத்து மரத்துக்குக் கோயில் நிர்வாகத்தைக் கேட்க வேண்டும். உங்கள் வேலி சரணாலய எல்லையை ஒட்டி இருந்து, உள்ளே நிற்கிற மரத்தின் கிளை உங்கள் பக்கம் தொங்கினாலும் அதைத் தொடாதீர்கள், அது உள்ளே வேர்விட்ட மரம். அதே வகை மரம் உங்கள் கொல்லையில் தானாக முளைத்திருந்தால் அது உங்களுடையது. சர்வே எண், உரிமையாளர் பெயர், ‘இன்ன தேதியில் மாதிரி எடுக்கச் சம்மதம்’ என்று ஒரு வரி, ஒரு கையெழுத்து. இதை வாங்கி ஆய்வேட்டின் பின்னிணைப்பில் வையுங்கள். வாய்ச்சொல் போதும் என்று விடாதீர்கள்.

பட்டா நிலத்தில் பாலை கிடைக்காவிட்டால் வேம்பைப் பாருங்கள். நுனிக்கருகல் நோய் வேம்பில் நன்றாகத் தெரிந்த நோய். போமாப்சிஸ் அசாடிராக்டே என்ற பூஞ்சை காரணம். மழைக்காலத்தில் தொடங்கி முற்றும், கோடையில் பல மரங்கள் மறுபடி தளிர்க்கும். 2021-ல் தெலங்கானாவில் ஊர் ஊராகக் கருகியதே, அதுவும் இந்தக் கருகல்தான். தேயிலைக் கொசு எனப்படும் நாவாய்ப்பூச்சி தளிரை உறிஞ்சினாலும் தூரத்திலிருந்து பார்க்க இதேபோல இருக்கும். இரண்டையும் பிரித்துக் காட்டினாலே ஒரு முதுகலை ஆய்வுக்குப் போதும். வேப்பமரம் கருகினால் ‘நோய் பரவும், வெட்டிவிடலாம், நானே எடுத்துக்கொள்கிறேன்’ என்று மர வியாபாரி வந்து நிற்பார். ஊரில் யாரையும் வெட்ட விடாதீர்கள். கருகிய வேம்பு செத்த வேம்பு இல்லை.

இப்போது உங்கள் ஆய்வின் உயிரான விஷயம். பூஞ்சை கிடைத்தவுடன் அதுதான் குற்றவாளி என்று எழுதிவிடாதீர்கள். நம் டெல்டாவில் மரம் காய்ந்தால் முதலில் தண்ணீரையும் உப்பையும் கேட்க வேண்டும். முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டில் என்ன நடந்தது? பிரிட்டிஷ் காலத்திலிருந்து கூறு கூறாக மொட்டையடித்து வெட்டினார்கள். வெயில் பட்ட தரை தாழ்ந்து பள்ளமாயிற்று. ஏறிய கடல் தண்ணீர் வடியாமல் நின்று, ஆவியாகி, உப்பு ஏறி, அங்கே எதுவும் முளைக்கவில்லை. 1990-களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் உள்ளூர் மக்களும் சேர்ந்து வாய்க்கால் வெட்டி அலைநீர் வந்துபோக வழி செய்த பிறகு காடு திரும்பியது. அந்தப் பள்ளத்தில் ஒருவர் பட்டையைச் சுரண்டிப் பார்த்திருந்தால் நிச்சயம் ஏதாவது பூஞ்சை கிடைத்திருக்கும்.

புயலையும் மறக்காதீர்கள். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா கரை கடந்தது உங்கள் ஊர்ப் பக்கம்தான். ஆடி அசைந்து வேர் அறுந்த மரம் அன்றைக்கே சாகாது. வருடக்கணக்கில் நின்று, நுனியிலிருந்து காயும். அறுந்த வேர் வழியாக நோயும் நுழையும். தஞ்சாவூர் வாடல் நோய் என்று தென்னைக்காரர்கள் பயப்படுகிற கேனோடெர்மா பூஞ்சை நோய், 1952 புயலுக்குப் பிறகுதான் நம் கடலோரத் தென்னைகளில் கவனத்துக்கு வந்தது. வேப்பங்குளம் தென்னை ஆராய்ச்சி நிலையத்தில் அதைப் பற்றிக் கேட்டால் காட்டித் தருவார்கள், ஒருமுறை போய்வாருங்கள். பாலை மரத்தின் அடியில் தட்டுபோல் ஒட்டிய காளான் இருக்கிறதா என்று பார்க்கும் பழக்கம் அங்கே வரும்.

ஆகவே அனுமதி கிடைத்து உள்ளே போனதும் கத்தியை எடுக்காதீர்கள். முதல் இரண்டு நாள் நடந்து குறித்துக்கொள்ளுங்கள். ஒரே வகை மரம் மட்டும் காய்கிறதா, பக்கத்தில் நிற்கும் எல்லா வகையுமா? எல்லா வகையும் என்றால் உப்போ தண்ணீரோ இருக்க வாய்ப்பு அதிகம். உப்பு இலை ஓரத்தைக் கருக்கும், முதிர்ந்த இலையில் முதலில் தெரியும். பள்ளத்தில் அதிகமா, மணல் மேட்டில் அதிகமா? மணல் மேட்டில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீர் மேல் மெல்லிய அடுக்காகத்தான் மிதக்கும், மழை பொய்த்தால் அது சுருங்கும். காய்ந்த மரத்தடி மண், நலமான மரத்தடி மண் இரண்டையும் எடுத்து உப்பு பார்க்க வேண்டும். மண்ணும் வனப்பொருள்தான் என்று சொன்னேன், விண்ணப்பத்தில் அதையும் சேர்த்துக் கேளுங்கள். நலமான மரத்தை விட்டுவிட்டால் ஒப்பிட எதுவும் இருக்காது, ஆய்வு விழுந்துவிடும்.

மாதிரி எடுக்கும்போது முழுக்கக் காய்ந்த இடம் வேண்டாம். பச்சையும் பழுப்பும் சந்திக்கிற விளிம்பில் வெட்டுங்கள், நோய்க்கிருமி அங்கேதான் உயிரோடு இருக்கும். ஒவ்வொரு மரத்துக்கும் முன் கத்தியை ஸ்பிரிட்டில் துடையுங்கள். காகித உறையில் வையுங்கள், பிளாஸ்டிக்கில் வியர்த்து வேறு பூஞ்சை ஏறிவிடும். அடுத்த நாளுக்குள் ஆய்வகத்தில் இருக்க வேண்டும். கிடைக்கும் பூஞ்சையை நலமான கன்றில் ஏற்றி, அதுவும் அதே மாதிரி காய்ந்து, அதிலிருந்து மறுபடி அதே பூஞ்சையைப் பிரித்தெடுத்தால்தான் அது காரணம். நான்கு மாதத்தில் அது முடியாது. முடியாவிட்டால் ‘காய்ந்த மரங்களில் காணப்பட்ட பூஞ்சைகள்’ என்று தலைப்பை மாற்றிக்கொள்ளுங்கள், ‘நோய்க்குக் காரணமான பூஞ்சை’ என்று போடாதீர்கள். பூஞ்சையை அடையாளம் காண உதவி வேண்டுமென்றால் கோயம்புத்தூரில் உள்ள வன மரபியல் மற்றும் மரப்பெருக்கு நிறுவனத்துக்குக் கல்லூரி வழியாக எழுதுங்கள்.

அந்த ஆள் அனுப்பிய செய்திகளை அழிக்காமல் வைத்திருங்கள். விண்ணப்ப நகலைக் கொடுக்க நாகப்பட்டினம் போகும்போது அதையும் காட்டுங்கள். உங்கள் வகுப்பில் வேறு யாரிடமாவது அவர் ஏற்கெனவே பணம் வாங்கியிருந்தால் அவர்களையும் கூட்டிப் போங்கள்.