வாசித்துவிட்டு உடனே பஸ் ஏறாதீர்கள்

கடிதம்

வணக்கம் அக்கா,

உங்கட எழுத்துகளைப் போனில வாசிக்கிறனான். கடிதம் எழுதுறது இதுதான் முதல். நாங்கள் ஒட்டுசுட்டான் பக்கம். மகள் தரம் 10. பள்ளிக்கூட பாண்டில சைட் ட்ரம் அடிக்கிறாள். வாற மாதம் யாழ்ப்பாணத்தில போட்டியாம். விடிய மூண்டு மணிக்கு பஸ் வெளிக்கிட்டு இரவுதான் திரும்புமாம். பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் 3500 ரூபா, அதுக்கு மேல வெள்ளைச் சப்பாத்து. காசு கேட்ட கிழமைதான் எனக்குக் குழுக்கடன் கட்டுற கிழமையும்.

இவர் வேண்டாம் எண்டு நிக்கிறார். "மேளம் அடிச்சு என்ன வரப்போகுது, வாற வருசம் ஓ.எல்" எண்டு ஒரு பக்கம். இன்னொரு பக்கம், "லெப்ட் றைட் பாத்தது காணும், என்ர பிள்ளையும் அப்பிடி நடக்க வேண்டாம்" எண்டும் சொல்லுறார். அதுக்கு என்னட்டப் பதில் இல்லை. ரொறன்ரோவில இருக்கிற அண்ணா சொல்லுறார், அங்க பள்ளிக்கூட பாண்டை ஊர் ஊராக் கூட்டிக்கொண்டு போவினமாம், பிள்ளையளுக்கு அது நல்லதாம். அது கனடா. இது ஒட்டுசுட்டான்.

எனக்குப் பயமும் இருக்கு. பிள்ளையை பஸ்ஸில ஏத்திப்போட்டு அண்டைக்கு நான் ஒரு வேலையும் செய்யமாட்டன். ஆனா அவள் சோறு தின்னேக்கயும் விரலால தட்டிக்கொண்டிருக்கிறாள். பள்ளிக்கூடம் பேர் எடுக்கிறதுக்காகப் பிள்ளையளைக் கொண்டு திரியுதோ, இல்லாட்டி உண்மையாவே ஏதும் பிரயோசனம் இருக்கோ? என்ர பேரைப் போடாதேங்கோ.

ஒரு தாய்

பதில்

அன்புள்ள தங்கச்சிக்கு,

அனுப்புங்கள். ஆனால் உங்கள் வீட்டுக்காரர் கேட்ட இரண்டும் நியாயமான கேள்விகள். அவற்றுக்கு மழுப்பாமல் பதில் சொல்லப் பார்க்கிறேன்.

மேளம் அடித்து வேலை வராது. சான்றிதழ் வரும். தேசிய கல்வியியற் கல்லூரி நேர்முகத்துக்குப் போகும்போது இணைப்பாடவிதானச் சான்றிதழ்களோடு அதையும் வைக்கலாம் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லியிருப்பார்கள். அது பொய்யில்லை. ஆனால் அந்த ஒரு தாளுக்காக 3500 ரூபா என்றால் நானும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். கேடயமும் அப்படித்தான். அது அதிபரின் அலுமாரிக்குள் போய்விடும்.

உங்கள் மகள் பழகுகிற இடத்தை நான் பார்த்ததில்லை, ஊகிக்க முடிகிறது. பள்ளிக்கூடம் விட்ட பிறகு, இரண்டு வகுப்பறைக் கட்டடங்களுக்கு நடுவில், ஒரு வேம்புக்குக் கீழே. அங்கே சுவர் ஒலியைத் திருப்பித் தரும், எல்லாருக்கும் எல்லாரும் கேட்கும். பெரிய மைதானத்தில் அந்த உதவி இல்லை. எங்கள் வெக்கையில் ஒலி ஒரு செக்கனுக்கு ஏறக்குறைய 350 மீற்றர் ஓடுகிறது. அணி விரிந்து நிற்கும்போது உங்கள் மகளுக்கும் மறுமூலையில் நிற்கிற பேஸ் ட்ரம் என்ற பெரிய மேளத்துக்கும் இடையில் 35 மீற்றர் வந்துவிட்டால், அந்த அடி அவள் காதுக்குப் பத்தில் ஒரு பங்கு செக்கன் பிந்தித்தான் வரும். நிமிடத்துக்கு 120 அடி என்ற நடையில் ஓர் அடிக்கு அரைச் செக்கன். காதை நம்பி அடிக்கிறவள் ஒவ்வோர் அடியிலும் ஐந்தில் ஒரு பங்கு பிந்துவாள். அவளை நம்பிப் பக்கத்தில் அடிக்கிறவள் இன்னும் பிந்துவாள். அதனால்தான் மைதானத்தில் கண்ணால் அடிக்க வேண்டும், லீடரின் கோலைப் பார்த்து. இதைக் கரும்பலகையில் எழுதிப் பிள்ளைகளுக்கு விளங்கவைத்த ஆசிரியரை நான் இன்னும் காணவில்லை. அந்நிய மைதானத்தில் ஒருமுறை அணி குலைந்தால் ஒரே நாளில் விளங்கிவிடும். வெயில் ஏறினால் ட்ரம்பெட்டின் சுருதி மெல்ல மேலே போகும், ஊதிக் கட்டை அழுத்தி வாசிக்கிற மெலோடிக்காவுக்குள் இருக்கிற உலோக நாக்குகள் அதோடு சேர்ந்து ஏறாது. காலையில் ஒத்திருந்த இரண்டும் மத்தியானம் சண்டை பிடிக்கும். இதெல்லாம் வேப்பமர நிழலில் தெரியவராத சங்கதிகள்.

ஆனால் நான் அனுப்புங்கள் என்று சொல்வதற்கு முதற்காரணம், மற்ற பாண்டுகள் வாசிப்பதை அவள் கேட்கவேண்டும் என்பது.

எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூட பாண்ட் ஒன்று வருடத்தில் எங்கெங்கே வாசிக்கிறது என்று நினைத்துப் பாருங்கள். வருடத் தொடக்கத்தில் இல்ல மெய்வல்லுநர் போட்டி. பிறகு பரிசளிப்பு விழா. மிச்சமெல்லாம் கட்டடத் திறப்பும் பிரமுகர் வரவேற்பும். எட்டரைக்கு வரவேண்டிய பிரதம விருந்தினர் பத்தரைக்கு வருவார். அதுவரை பிள்ளைகள் வாசலில், வெயிலில். அவர் வாகனத்தால் இறங்கி மாலை வாங்கி மண்டபத்துக்குள் போக ஐந்து நிமிடம். போனைக் காதில் வைத்தபடியே நடந்துபோன ஒருவரையும் பார்த்திருக்கிறேன். நிறைகுடத்துக்குப் பக்கத்தில் வைக்கிற இன்னொரு நிறைகுடம் மாதிரித்தான் பாண்ட் பிள்ளைகளை வைத்திருக்கிறோம். அவர்கள் வாசிப்பதைக் கேட்பதற்கென்று அங்கே யாரும் வருவதில்லை. அவர்களும் இன்னொரு பள்ளிக்கூடத்து பாண்டை நேரில் கேட்டிருப்பது அரிது. யூடியூப்பில் பார்ப்பார்கள். போன் ஸ்பீக்கரில் பேஸ் ட்ரம் எங்கே கேட்கப்போகிறது? சிம்பல்ஸ் இரைச்சல்தான் கேட்கும்.

மாகாண மட்டப் போட்டி ஒன்றில் கூடார ஓரத்தில் மன்னார்ப் பக்கத்துப் பிள்ளைகள் சிலர் நின்றிருந்தார்கள். தங்கள் முறை முடிந்துவிட்டது. மைதானத்தில் வாசித்துக்கொண்டிருந்த பாண்டின் சைட் ட்ரம் உருட்டு அவர்களைப் பிடித்துக்கொண்டது. தொடையில் தட்டித் தட்டிப் பார்த்தார்கள். வலது இடது என்று மாறி மாறி விழுந்தால் அந்த வேகம் வராது என்று ஒருத்தன் சொன்னான். "ரெண்டு ரெண்டா விழுதடா, வலம் வலம், இடம் இடம்" என்றாள் இன்னொருத்தி. அவள் சொன்னதுதான் சரி. ஒரு வாத்தியக்காரருக்கு மாதக்கணக்கில் சம்பளம் கொடுத்தாலும் இப்படி உள்ளே இறங்காது. அவள் மற்றவர்களுக்கு அதைத் தட்டிக் காட்டத் தொடங்க, பொறுப்பாசிரியர் வந்தார். "பஸ் வந்திட்டுது, எல்லாரும் ஏறுங்கோ."

எனக்குக் கோபம் வருகிற இடம் இதுதான். சாமத்தில் எழும்பி, மூன்று மணித்தியாலம் பஸ்ஸில் தூங்கி வழிந்து, மரத்தடியில் காத்திருந்து, பத்து நிமிடம் வாசித்து, சாப்பாட்டுப் பார்சலை அவிழ்த்து, உடனே திரும்பி ஓடுவது. அதுதான் பயணம் என்றால் உங்கள் காசு வீண், அவளுடைய நித்திரையும் வீண். ஆசிரியர்களிடம் காரணம் இருக்கிறது. பஸ் வாடகை நேரக் கணக்கு. மாங்குளத்தால் திரும்பி உள்ளே வருகிற வீதியில் இருட்டினால் யானைப் பயம். சரி. அப்படியென்றால் முதல்நாள் பின்னேரமே போய் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் பாய் விரித்துப் படுக்கட்டும். காலையில் முதல் பாண்டிலிருந்து கேட்கட்டும். பின்னேரம் வெளிச்சத்தோடு வெளிக்கிடலாம். பெற்றோர் கூட்டத்தில் இதை நீங்கள் கேளுங்கள். ஆசிரியர் கேட்டால் அதிபர் மறுப்பார், தாய்மார் கேட்டால் யோசிப்பார்.

இன்னொன்று. வன்னிக்கு இசை எப்போதும் வெளியிலிருந்து வந்திறங்குவது என்றொரு நினைப்பு எங்களுக்கே இருக்கிறது. கோயில் திருவிழா என்றால் இணுவிலிலிருந்தோ அளவெட்டியிலிருந்தோ தவில் நாதஸ்வரக்காரர் வரவேண்டும். எங்களிடமும் கூத்தும் உடுக்கும் பறையும் இருந்தன, முல்லைமோடி என்று தனிக்கூத்து மரபே இருக்கிறது. அதைப் பள்ளிக்கூடங்கள் இசை என்று கணக்கில் எடுப்பதில்லை (அந்தக் கோபத்தை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்கிறேன்). ஒட்டுசுட்டானிலிருந்து பிள்ளைகள் வாத்தியத்தோடு யாழ்ப்பாணம் போக, அங்கே ஆட்கள் கதிரை போட்டு இருந்து கேட்கிறார்கள் என்பது எனக்குச் சின்ன விசயமாகப் படவில்லை.

உங்கள் பயம். அதை யாரும் கடிந்து பேசக்கூடாது. தரம் 10 படிக்கிற பிள்ளைக்குத் தாய் என்றால் 2009 இல் நீங்கள் எங்கே இருந்திருப்பீர்கள் என்று இங்கே எல்லாருக்கும் தெரியும். ஓமந்தையில் ஏற்றிச் செட்டிகுளத்து முகாமில் இறக்கிய பஸ்களை அந்தத் தலைமுறை மறக்காது. எங்களுக்கு வெளிக்கிடுவது என்றாலே மூட்டையும் முடிச்சும், திரும்பி வருவோமோ என்ற கேள்வியும். உங்கள் மகள் அதற்குப் பிறகு பிறந்தவள். ஆனையிறவு அவளுக்கு பஸ் ஜன்னலால் தெரிகிற உப்பளம், அவ்வளவுதான். முறிகண்டியில் இறங்கிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக் கொறித்துக்கொண்டு போய், அன்றைக்கோ அடுத்தநாளோ வீட்டுக்கு வந்துசேர்கிற பயணம் அவளுக்குப் பழகட்டும். பயத்தை விட்டுவிடச் சொல்லவில்லை, அதைக் கேள்வியாக மாற்றுங்கள். பெண் ஆசிரியர்கள் எத்தனை பேர் போகிறார்கள்? தங்குமிடத்தில் மலசலகூடத்துக்குக் கதவும் தாழ்ப்பாளும் இருக்கிறதா? மாதவிலக்கு வந்துவிட்டால் யாரிடம் சொல்வது என்று பிள்ளைக்குத் தெரியுமா? வலயக் கல்வி அலுவலகத்தின் அனுமதிக் கடிதம் வந்துவிட்டதா? சாரதிக்கு இரவு நித்திரை உண்டா? பதில் சொல்லத் திணறினால் அனுப்பாதீர்கள்.

இனிக் காசு. நான் போன பல பள்ளிக்கூடங்களில் பேஸ் ட்ரம்மின் முகத்தில் அன்பளிப்புச் செய்தவரின் பெயர் எழுதியிருக்கும். லண்டன், ரொறன்ரோ, சூரிச். நல்ல மனிதர்கள், குறை சொல்லவில்லை. மேளத்துக்குப் பெயர் எழுதலாம், டீசலுக்கு எழுத முடியாது. அதனால் மேளம் வந்துவிடுகிறது, பஸ் காசு மட்டும் பிள்ளை தலைக்கு இவ்வளவு என்று தாய்மாரிடம் வருகிறது. அந்தக் கணக்கில் முதலில் கழிபடுகிறது கூலிவேலைக்குப் போகிறவரின் பிள்ளை. நாலு சைட் ட்ரம்மில் ஒன்று வரவில்லை என்றால் அந்த வரிசையே நொண்டும், பழகின மூன்று மாதமும் போய்விடும். எல்லாரும் போகவேண்டும், இல்லாவிட்டால் ஒருவரும் போகக்கூடாது. பாண்டுக்கு இதைத் தவிர வேறு சட்டம் சரிவராது. உங்கள் அண்ணாவிடம் சொல்லுங்கள், பழைய மாணவர்களைப் பிடித்து ஒருநாள் பஸ் வாடகையைப் பொறுப்பெடுக்கச் சொல்லி. பெயர்தான் வேண்டுமென்றால் பஸ் முன்கண்ணாடியில் பனர் கட்டிவிடலாம்.

"அது கனடா" என்று எழுதியிருந்தீர்கள். அந்தப் பக்கத்திலும் காசு மரத்தில் காய்ப்பதில்லை. கலிபோர்னியாவில் பசடீனா என்ற ஊரில் 1890 இலிருந்து புதுவருடத்தையொட்டி ஓர் அணிவகுப்பு நடக்கிறது, ரோஸ் பரேட் என்பார்கள். பள்ளிக்கூட பாண்டுகள் ஏறக்குறைய 9 கிலோமீற்றர் வாசித்தபடியே நடக்கும். இப்படியான பயணங்களுக்கு அமெரிக்கப் பிள்ளைகள் கார் கழுவியும் சொக்லேற் விற்றும் மாதக்கணக்கில் காசு சேர்ப்பார்கள். பாண்டுக்கென்றே பெற்றோர் சங்கம் இருக்கும். அங்கேயும் இவ்வளவு காசு எதற்கு என்று கேட்கிற தகப்பன்மார் உண்டு. உங்கள் பள்ளிக்கூடத்தில் ஒரு சனிக்கிழமை தோசையும் வடையும் சுட்டு விற்றால் டீசலில் பாதி தேறும்.

ஓ.எல் பற்றி அதிகம் சொல்ல இல்லை. சோதனை வருகிற வருடம். ஒன்றிரண்டு நாள் ரியூஷன் விட்டதால் கணிதத்தில் தவறிய பிள்ளையை நான் கண்டதில்லை. சோதனைக்கு முந்திய மாதத்தில் கொண்டுபோனால் நானே வந்து சண்டை பிடிப்பேன்.

கடைசியாக அந்த லெப்ட் றைட். இதில் உங்கள் வீட்டுக்காரரோடு எனக்கு வாதம் இல்லை. பாண்ட் படையிலிருந்து வந்ததுதான். அந்தப் பெரிய மேளமும் சிம்பல்ஸும் ஒஸ்மானியத் துருக்கியரின் படையிலிருந்து 18 ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியப் படைகளுக்குப் போனவை, அங்கிருந்து வெள்ளைக்காரனோடு இங்கே வந்தவை. சீருடையையும் வரிசை நடையையும் பார்த்தால் அவருக்கு நெஞ்சு இறுகுகிறதென்றால் அதற்கு அவரிடம் காரணம் இருக்கும், நாங்கள் இருந்த மண் அது. அவரைச் சமாதானப்படுத்த முயலாதீர்கள். ஒன்று செய்யலாம். அவரையும் ஒருநாள் பின்னேரம் பழகுகிற இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். பிள்ளைகள் நடக்காமல், வட்டமாக நின்று வாசிக்கிற நேரத்தில். பிறகும் வேண்டாம் என்று சொன்னால் அது அவருடைய முடிவு. ஆனால் மகளையும் கேட்டுவிட்டு முடிவெடுக்கச் சொல்லுங்கள்.

சப்பாத்தைப் புதிதாக வாங்காதீர்கள். போன வருடம் பாண்டில் இருந்து விலகிய பிள்ளைகளின் வீடுகளில் வெள்ளைச் சப்பாத்து கட்டாயம் சும்மா கிடக்கும், பொறுப்பாசிரியரிடம் சொன்னால் அளவு பார்த்து வாங்கித் தருவார். புதிதுதான் வாங்கவேண்டி வந்தால், இரண்டு கிழமைக்கு முன்னரே வாங்கி வீட்டு முற்றத்தில் போட்டுத் திரியச் சொல்லுங்கள். புதுச் சப்பாத்து குதிக்காலைக் கடித்தால் பாதி மைதானத்துக்கு மேல் நடை வராது.

அன்புடன்,
அக்கா