செல்போன் வழி மருத்துவ ஆலோசனையால் நோயாளிகளின் உடல்நலம் தேறுகிறதா என்று ஆராய நிதி கேட்பது எப்படி?

உசிலம்பட்டிப் பக்கம் சர்க்கரை நோயாளிகளுக்குச் செல்போனில் ஆலோசனை தருவதாகவும், அதன் பலனை ஆராய நிதி வேண்டும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். செயலிக்குப் பணம் கேட்காதீர்கள், அளப்பதற்குக் கேளுங்கள். பாதிப் பணம் மென்பொருளுக்குப் போய்விட்டால் ரத்தம் எடுக்க ஆள் இருக்காது.

டெலிமெடிசினுக்கு நான் எதிரி என்று யாரும் கிளம்ப வேண்டாம். கிராமத்தில் எடுத்த கண் படத்தை நகரத்து மருத்துவர் தூரத்திலிருந்தே பார்த்துச் சொல்லும், அரவிந்த் கண் மருத்துவமனையின் விஷன் சென்டர்களைப் பார்த்த ஊர் இது. ஆனால் படம் பார்த்துக் கண்நோயைக் கண்டுபிடிப்பது வேறு, வருஷக்கணக்கில் மாத்திரையை விடாமல் சாப்பிட வைப்பது வேறு.

எத்தனை ஆயிரம் ஆலோசனை நடந்தது என்பது உடல்நலக் கணக்கே இல்லை. சர்க்கரை குறைந்ததைக் காட்டினாலும் போதாது. அது எகிறிக் கிடக்கும்போதுதான் ஆட்கள் வந்து சேர்வார்கள். ஒன்றும் செய்யாவிட்டாலும் சராசரி ஓரளவு இறங்கும். அதனால் வழக்கமான சிகிச்சை மட்டும் பெறும் ஒப்பீட்டுக் குழு கட்டாயம். ஒரே ஊரை இரண்டாகப் பிரித்தால் போன் கைமாறும். எந்தத் துணை சுகாதார நிலையம் எந்தக் குழுவில் என்று நிலைய வாரியாகக் குலுக்கல் போடுங்கள்.

ஹெச்பிஏ1சியில் (கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைச் சொல்லும் ரத்தப் பரிசோதனை) குழுக்களுக்கிடையே 0.5 வித்தியாசம், திட்டவிலக்கம் (ஆளுக்கு ஆள் மாறும் அளவு) 1.5, ஆய்வுத் திறன் (வித்தியாசம் உண்மையில் இருந்தால் அதைப் பிடிக்கும் வாய்ப்பு) 80 சதவீதம் என்றால் குழுவுக்கு 142 பேர். நிலையத்துக்கு 20 பேர், ஒரே நிலையத்தாருக்குள் ஒட்டுறவு (அவர்களின் அளவுகள் ஒன்றுபோல இருக்கும் போக்கு) 0.05 என்றால் அதைப்போல 1.95 மடங்கு ஆள் வேண்டும், அதாவது 277. ஐந்தில் ஒருவர் விலகுவார் என்று வைத்தால் ஏறத்தாழ 350. குழுவுக்கு 18 நிலையங்கள் வேண்டும்.

காலையில் போனால் வீடு பூட்டியிருக்கும். பூப்பறிக்கவோ நூறு நாள் வேலைக்கோ போயிருப்பார்கள். ஹெச்பிஏ1சிக்கு வெறும் வயிறு தேவையில்லை, சாயங்காலம் போங்கள். ரத்தம் உறையாமல் தடுக்கும் ஊதா மூடி ஈடிடிஏ குழாயில் 2 மில்லி, ஐஸ் பெட்டியில் 2 முதல் 8 டிகிரி, எல்லாம் ஒரே ஆய்வகத்துக்கு. அதே குழாயில் ஹீமோகுளோபினும் பாருங்கள்: இரும்புச்சத்துக் குறைவு ஹெச்பிஏ1சியைப் பொய்யாக ஏற்றிக் காட்டும், நம் கிராமத்துப் பெண்களிடம் அது ரொம்பவே அதிகம்.

நெறிமுறைக் குழு ஒப்புதல் முடிந்ததும், முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பே சிடிஆர்ஐயில் (மருத்துவ ஆய்வுகளுக்கான இந்தியப் பதிவேடு) பதிவு செய்யுங்கள். 2018 ஏப்ரலிலிருந்து பிந்திய பதிவு கிடையாது.

இன்னொன்று, களப்பணியாளர் சம்பளம். நிதியின் முந்தைய தவணைக்குப் பயன்பாட்டுச் சான்றிதழ் (பணத்தைச் சரியாகச் செலவழித்ததற்கான கணக்கு) கொடுத்தால்தான் அடுத்த தவணை வரும். அந்த இடைவெளியில் சம்பளமின்றி வெயிலில் அலைபவர்கள் அந்தப் பிள்ளைகள்தான். இதைப் பற்றி எந்த நிதி நிறுவனமும் வாய் திறப்பதில்லை. பலனை அளக்க 12ஆம் மாத ரத்தம் எடுக்கிற நேரத்தில் அவர்கள் விலகினால் ஆய்வே போச்சு. மூன்று மாதச் சம்பளத்தை முன்பணமாகத் தர உங்கள் கல்லூரியிடம் முதலிலேயே எழுதி வாங்குங்கள்.