டேட்டா சென்டர் வந்தால் ஊரிடம் கருத்துக் கேட்பார்களா? குமரி வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எங்கள் ஊரில் விளையும் (தோப்பும்) வயலுமாக இருபது ஏக்கர் வரை சேர்த்து வாங்குகிறார்கள். இணையத் தகவல்களைச் சேமிக்கும் கணினிகளை அடுக்கி வைக்கும் டேட்டா சென்டர் என்று பேச்சு. கலெக்டர் தலைமையில் கருத்துக் கேட்புக் கூட்டம் நடக்கும், அங்கே போய்ப் பேசிக்கொள்வோம் என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். நடக்குமா?
– வாசகர், தோவாளை வட்டம்

பதில்: நடக்காது. அதற்காகக் காத்திருந்தால் ஆட்சேபம் சொல்லும் காலம் எல்லாம் கடந்துவிடும். சுரங்கத் திட்டங்களுக்குப் பொதுவாகக் கருத்துக் கேட்பு உண்டு. 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையில் சுரங்கம் தனி இனமாக இருக்கிறது. டேட்டா சென்டருக்கு அப்படித் தனி இனம் இல்லை. அதைக் 'கட்டடம்' என்றுதான் கணக்கில் எடுக்கிறார்கள். மொத்தக் கட்டடப் பரப்பு 20,000 சதுர மீட்டரை, அதாவது சுமார் 2,15,000 சதுர அடியைத் தொட்டால் மாநிலச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையத்தின் அனுமதி வேண்டும். அப்போதும் கட்டடத் திட்டங்களுக்குக் கருத்துக் கேட்பிலிருந்து விலக்கு இருக்கிறது. 20,000-க்குக் கீழே போனால் அந்த அனுமதியே தேவையில்லை.

ஆகவே முதலில் பார்க்க வேண்டியது பரப்பு. 19,500 சதுர மீட்டர் என்று விண்ணப்பம் போட்டு, பக்கத்துப் புல எண்ணில் 'இரண்டாம் கட்டம்' என்று இன்னொன்று போடுகிறார்களா என்று கவனியுங்கள். ஒரே வளாகம், ஒரே துணை மின்நிலையம், ஒரே நுழைவாயில் என்றால் இரண்டையும் சேர்த்துத்தான் கணக்கிட வேண்டும் என்று எழுத்தில் கேட்கலாம். 20,000-க்கு மேல் என்றால் விண்ணப்பம் சுற்றுச்சூழல் அனுமதிக்கான மத்திய அரசின் 'பரிவேஷ்' இணையதளத்தில் ஏறும். மாவட்டத்தின் பெயரைப் போட்டு மாதம் இரண்டு முறை தேடினால் போதும்.

அடுத்தது நிலம். புல எண்களை எழுதிக்கொண்டு, கிராமத்தின் நிலப் பதிவேடான அ-பதிவேட்டில் ஒவ்வொன்றும் நஞ்சையா, புஞ்சையா, புறம்போக்கா என்று பாருங்கள். புல வரைபடத்தில் ஓடையோ, சானல் கிளையோ, குளத்துக்குத் தண்ணீர் வரும் காலோ குறுக்கே போனால் அதைத் தனியாகக் குறியுங்கள். நம் மாவட்டத்தில் ஏலாவை (வயல்வெளியை) ஒட்டிய நிலத்தில் இது அடிக்கடி தட்டும். தோவாளை சானலின் கிளை ஒன்று வளாகத்துக்குள் சிக்கினால் கடைமடைக்காரருக்குத் தண்ணீர் நிற்கும். நகரமைப்புத் திட்டப் பகுதிக்கு வெளியே உள்ள விவசாய நிலத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்ற நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் அனுமதி வேண்டும். நஞ்சையாக இருந்தால் வேளாண் இணை இயக்குநரைக் கலந்து மாவட்ட ஆட்சியர் இசைவு தர வேண்டும். ஆட்சேபம் தெரிவிக்க இதைவிட நல்ல கட்டம் கிடையாது. ஊர் மலைப்பகுதிப் பாதுகாப்பு ஆணையத்தின் பட்டியலில் இருந்தால் அந்த அனுமதியும் தனியாக வேண்டும்.

கேள்வி: பத்து மெகாவாட் டேட்டா சென்டர் என்றால் எவ்வளவு தண்ணீர் குடிக்கும்? 'மூடிய சுழற்சி, தண்ணீரே வேண்டாம்' என்கிறார் தரகர்.
– வாசகி, அகஸ்தீஸ்வரம் வட்டம்

பதில்: இரண்டு முறைகள் இருக்கின்றன. எது என்று தெரியாமல் எந்த எண்ணையும் நம்பாதீர்கள்.

கூலிங் டவர் வைத்துத் தண்ணீரை ஆவியாக்கிக் குளிர்விப்பது ஒன்று. ஒரு மெகாவாட் வெப்பத்தை ஒரு மணி நேரம் வெளியேற்ற ஏறக்குறைய 1,500 லிட்டர் ஆவியாக வேண்டும். ஆவியாகும்போது உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். அதனால் ஒரு பகுதியை வெளியே விட்டுப் புதுத் தண்ணீர் சேர்க்க வேண்டும். உப்பு நான்கு மடங்காகும் வரை சுழற்றினால், வெளியே விடுவது மணிக்கு 500 லிட்டர். ஆக மெகாவாட்டுக்கு மணிக்கு 2,000 லிட்டர், நாளுக்கு 48,000 லிட்டர். பத்து மெகாவாட் முழுச் சுமையில் ஓடினால் நாளுக்கு 4,80,000 லிட்டர். ஜல் ஜீவன் திட்டத்தில் ஒருவருக்கு நாளுக்கு 55 லிட்டர் என்பது கணக்கு. அதன்படி இது 8,700 பேருக்கு மேல் போதுமான குடிநீர்.

வெளியே விடும் தண்ணீர் நாளுக்கு 1,20,000 லிட்டர். அதை யாரும் கேட்பதில்லை. கிணற்று நீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 600 மில்லிகிராம் என்றால் நான்கு மடங்கில் அது 2,400. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வெளியேற்ற வரம்பு 2,100. கூடவே பாசி வராமலும் சுண்ணாம்பு படியாமலும் இருக்கச் சேர்க்கும் மருந்துகளும் அதில் இருக்கும். இந்தத் தண்ணீர் எந்தக் குளத்துக்குப் போகிறது என்பதுதான் கேள்வி.

மற்றது காற்றால் குளிர்விப்பது. தரகர் சொல்லும் மூடிய சுழற்சி இதுவாக இருந்தால் தண்ணீர் செலவு உண்மையிலேயே மிகக் குறைவு. ஆனால் மின்சாரம் கூடும், கூரையில் விசிறிகளின் இரைச்சலும் கூடும். அதே சொல்லில் ஒரு குழப்பம் உண்டு. கட்டடத்துக்குள் ஓடும் குளிர்நீர்க் குழாய் மூடிய சுழற்சியாக இருக்கும், அந்த வெப்பத்தைக் கடைசியில் வெளியேற்றுவது திறந்த கூலிங் டவராக இருக்கும். 'உள்ளே' மூடியதா, 'வெளியே' மூடியதா என்று கேளுங்கள். நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம் என்பதால், வறண்ட ஊர்களில் கிடைக்கும் அளவுக்கு ஆவியாக்கல் முறையில் இங்கே குளிர்ச்சி கிடைக்காது. வேறு ஊர்க் கணக்கை அப்படியே காட்டினால் ஏற்க வேண்டாம்.

பருவமும் முக்கியம். ஜூனில் பேச்சிப்பாறை அணை திறந்து, கன்னிப்பூ, கும்பப்பூ என்ற இரண்டு நெல் போகமும் முடிந்து, பிப்ரவரி கடைசியில் அடைப்பது வழக்கம். மார்ச் முதல் மே வரை சானல் காயும், கிணறு இறங்கும். டேட்டா சென்டரின் தண்ணீர்த் தேவை உச்சத்துக்குப் போவதும் அந்த மாதங்களில்தான். ஆண்டுச் சராசரியைக் காட்டினால் ஏப்ரல் மாதக் கணக்கைத் தனியாகக் கேளுங்கள். நிலத்தடி நீர் எடுக்க நீர்வளத் துறையின் தடையின்மைச் சான்று வேண்டும். உங்கள் குறுவட்டம் பாதுகாப்பானதா, நெருக்கடி நிலையா என்பது அந்தத் துறையின் பட்டியலில் இருக்கும். லாரித் தண்ணீர் என்று சொன்னால், எந்த ஊர்க் கிணற்றிலிருந்து என்று எழுதித் தரச் சொல்லுங்கள்.

கேள்வி: ஜெனரேட்டர் சத்தம் வீட்டுக்குக் கேட்குமா? எத்தனை மீட்டர் தள்ளி இருந்தால் தூங்கலாம்?
– வாசகர், கல்குளம் வட்டம்

பதில்: பத்து மெகாவாட் கணினிச் சுமைக்குக் குளிரூட்டலும் சேர்த்து 15 மெகாவாட் என்று வைத்துக்கொள்வோம். 2 மெகாவாட் ஜெனரேட்டர் எட்டு, உபரியாக ஒன்று, மொத்தம் ஒன்பது நிற்கும்.

800 கிலோவாட் வரையுள்ள ஜெனரேட்டருக்குக் கூண்டிலிருந்து ஒரு மீட்டரில் 75 டெசிபல் என்ற வரம்பு உண்டு. அதைவிடப் பெரியதற்கு இது பொருந்தாது. சத்தத்தை 25 டெசிபலாவது குறைக்கும் கூண்டு வேண்டும் என்பதுதான் அங்கே விதி. கூண்டில்லாத பெரிய எஞ்சின் ஒரு மீட்டரில் 110 டெசிபல் என்றால் கூண்டோடு 85. எட்டு சேர்ந்து ஓடினால் இன்னும் 9 கூடி 94. தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் 6 டெசிபல் குறையும். 2000-ஆம் ஆண்டின் ஒலி விதிகளின்படி குடியிருப்புப் பகுதிக்கு இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல்தான் வரம்பு. அந்த அளவுக்கு இறங்க ஏறக்குறைய 280 மீட்டர் வேண்டும். 2011 கணக்கெடுப்பில் சதுர கிலோமீட்டருக்கு 1,100 பேருக்கு மேல் வாழும் மாவட்டம் இது. ஒவ்வொரு விளையிலும் வீடு இருக்கிறது. வீடில்லாத 280 மீட்டர் எங்கே கிடைக்கும்?

ஜெனரேட்டராவது மின்தடையின்போதும் சோதனை ஓட்டத்தின்போதும் மட்டும் ஓடும். கூரை விசிறிகள் ஆண்டு முழுக்க இரவும் பகலும் ஓடும். அவற்றின் தாழ்ந்த 'ஹூம்' ஒலி சுவரைத் தாண்டி வரும், வழக்கமான டெசிபல் அளவில் குறைத்தே பதிவாகும். எனவே வேலை தொடங்கும் முன்பே, பின்னிரவு ஒரு மணிக்கும் நான்கு மணிக்கும் இடையில் உங்கள் ஊரின் இயல்பான ஒலி அளவைப் பதிவு செய்யச் சொல்லி மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் நாகர்கோவில் அலுவலகத்துக்கு மனு கொடுங்கள். அந்தப் பதிவு இல்லாமல் பின்னால் எதையும் நிரூபிக்க முடியாது. மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர் இரண்டு இசைவாணைகள் வழியாக இதைப் பார்க்க வேண்டியவர்: கட்டும் முன் நிறுவும் இசைவாணை, ஓட்டும் முன் இயக்கும் இசைவாணை. உங்கள் ஆட்சேபம் முதலாவதற்கு முன்னால் போய்ச் சேர வேண்டும்.

புகைபோக்கி உயரத்துக்குச் சூத்திரம் உண்டு. கட்டட உயரத்தோடு, ஜெனரேட்டரின் திறனைக் குறிக்கும் கேவிஏ எண்ணின் வர்க்கமூலத்தில் ஐந்தில் ஒரு பங்கைக் கூட்ட வேண்டும். 2,500 கேவிஏ என்றால் கட்டடத்துக்கு மேலே 10 மீட்டர். வரைபடத்தில் அளந்து பாருங்கள்.

டீசலை மறக்காதீர்கள். 15 மெகாவாட்டுக்கு மணிக்கு சுமார் 3,900 லிட்டர். ஒரு நாள் இருப்பு வைத்தாலே 90,000 லிட்டருக்கு மேல். 2,500 லிட்டரைத் தாண்டினால் மத்திய அரசின் பெட்ரோலியம், வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பின் உரிமம் வேண்டும், அதற்கு மாவட்ட நிர்வாகத்தின் தடையின்மைச் சான்று வேண்டும். அந்தக் கோப்பு நடக்கும்போது தீயணைப்பு வண்டி வர வழி உண்டா, அருகில் பள்ளி இருக்கிறதா என்று மனுவில் கேளுங்கள். லித்தியம் பேட்டரி அறையையும் சேர்த்துக் கேளுங்கள். 2025 செப்டம்பரில் தென்கொரியாவின் தேஜான் நகரில் அரசு டேட்டா சென்டரில் லித்தியம் பேட்டரியில் பிடித்த தீயால் 700-க்கும் மேற்பட்ட அரசுக் கணினி அமைப்புகள் நின்றன.

கேள்வி: கிராம சபையில் தீர்மானம் போட்டால் தடுத்துவிடலாமா?
– வாசகர், கிள்ளியூர் வட்டம்

பதில்: தீர்மானம் மட்டும் மற்றத் துறைகளைக் கட்டுப்படுத்தாது. ஆனால் நீதிமன்றத்தில் அது வலுவான ஆவணம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் கூட்டம். மக்கள்தொகை 3,001 முதல் 10,000 வரை என்றால் 200 பேர் இருந்தால்தான் குறைவெண் நிறையும். கையெழுத்துகளை எண்ணாமல் கலைந்த கூட்டத்தின் தீர்மானத்தை எதிர்த்தரப்பு வழக்கறிஞர் ஐந்து நிமிடத்தில் உடைப்பார். 'எதிர்க்கிறோம்' என்று ஒரு வரி எழுதாமல், புல எண்கள், தண்ணீர் மூலம், வெளியேற்றும் இடம், ஒலி வரம்பு, மின்பாதை என்று ஒவ்வொன்றாக எழுதுங்கள். பதிவேட்டின் நகலைக் கையோடு வாங்குங்கள். தொழிற்சாலை கட்டவும் இயந்திரம் நிறுவவும் ஊராட்சியின் அனுமதி வேண்டும் என்று 1994 ஊராட்சிகள் சட்டத்தின் 160-ஆம் பிரிவு சொல்கிறது. அதையும் தீர்மானத்தில் குறிப்பிடுங்கள்.

நம் மாவட்டத்தில் 2011 கணக்குப்படி 82 சதவீதம் பேர் நகர்ப்புறத்தில் இருக்கிறார்கள், பெரும்பாலும் பேரூராட்சிகளில். அங்கே கிராம சபை இல்லை. பகுதி சபையும் மன்றத் தீர்மானமும்தான் வழி.

கேள்வி: முப்பந்தல் காற்றாலை மின்சாரம் பக்கத்திலேயே இருக்கிறதே, அதில் ஓட்டிக்கொள்ளக் கூடாதா?
– வாசகர், ஆரல்வாய்மொழி

பதில்: காற்று வலுப்பது தென்மேற்குப் பருவத்தில். டேட்டா சென்டருக்கு எல்லா மாதமும், எல்லா மணி நேரமும் ஒரே அளவு வேண்டும். மீதி மின்தொகுப்பிலிருந்துதான் வரும். நீங்கள் கேட்க வேண்டியது மின்பாதை எந்த வழியாக வருகிறது என்பதை. 110 கிலோவோல்ட் பாதைக்கு 22 மீட்டர் அகலமும், 220 கிலோவோல்ட்டுக்கு 35 மீட்டர் அகலமும் கணக்கு. அந்த அகலத்தில் தென்னையும் ரப்பரும் நிற்க முடியாது.

கேள்வி: வெளிநாட்டில் எங்காவது ஊர்க்காரர்கள் வென்றிருக்கிறார்களா?
– வாசகி, விளவங்கோடு வட்டம்

பதில்: வென்றிருக்கிறார்கள். அமெரிக்காவில் அரிசோனாவின் டூசான் நகர மன்றம் 2025 ஆகஸ்டில் ஒரு பெரிய திட்டத்தை ஒருமனதாக நிராகரித்தது. அங்கே பாலைவனத் தண்ணீர்தான் பெரிய வாதம். சிலியில் செரியோஸ் பகுதியில் கூகுள் திட்டத்தின் அனுமதியைச் சுற்றுச்சூழல் நீதிமன்றம் 2024-இல் ஓரளவு திருப்பியது. பிறகு கூகுள் காற்றுக் குளிர்விப்புக்கு மாறுவதாக அறிவித்தது. நமக்கு மிகவும் பயன்படுவது வர்ஜீனியாவின் பிரின்ஸ் வில்லியம் மாவட்ட வழக்கு. அங்கே 2025 ஆகஸ்டில் நீதிமன்றம் நில வகை மாற்றத்தையே செல்லாது என்றது. காரணம், பொது அறிவிப்பை முறைப்படி வெளியிடவில்லை.

இங்கும் அதைத்தான் தேட வேண்டும். சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்த ஏழு நாளுக்குள் இரண்டு உள்ளூர் நாளிதழ்களில், ஒன்று தமிழில், விளம்பரம் செய்ய வேண்டும் என்பது வழக்கமான நிபந்தனை. வந்ததா, எந்தத் தேதி, எந்தப் பதிப்பு என்று பாருங்கள். நாளிதழைப் பத்திரமாக வையுங்கள். அனுமதியை எதிர்த்துத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வில் மேல்முறையீடு செய்ய 30 நாள் அவகாசம். தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாள். 90 தாண்டினால் காரணம் எதுவானாலும் ஏற்க மாட்டார்கள். தகவல் உரிமை மனுவுக்குப் பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை, பதிலுக்கு 30 நாள். இரண்டு முப்பதும் ஒன்றன் மேல் ஒன்று விழும். ஆகையால் அனுமதி வந்த பிறகு மனுப் போட்டால் பதில் வரும்போது முதல் அவகாசம் முடிந்திருக்கும். நிலம் கைமாறும் இப்போதே நகர் ஊரமைப்பு, நீர்வளம், மின்வாரியம், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நான்குக்கும் தனித்தனியாக மனுப் போட்டு, ஒப்புகை அட்டைகளை ஒரே உறையில் வையுங்கள்.