இதை வரைந்தவன் பேர் எங்கே?

அன்புள்ள ஐயா,

முப்பத்தைந்து வருடம் கழித்து இரும்புக்கை மாயாவி காமிக்ஸை மறுபதிப்பில் வாங்கிப் படித்தேன். சின்ன வயதில் உயிராக இருந்த கதை. இப்போது பத்துப் பக்கம் தாண்ட முடியவில்லை. பக்கத்துக்குப் பக்கம் ஒரு ஆபத்து, உடனே ஒரு தப்பித்தல். மின்சாரம் பாய்ந்தால் ஆள் செத்துத்தானே போவான், எப்படி மறைவான்? அன்றைக்கு நம் ரசனை அவ்வளவு மட்டமாகவா இருந்தது? ஆறாவது படிக்கும் மகளிடம் கொடுத்தேன். அவளும் படிக்கவில்லை. அந்தக் கையை மட்டும் நோட்டில் வரைந்துகொண்டிருக்கிறாள்.

கி., நெல்லிக்குப்பம்

அன்புள்ள கி.,

போன வாரம் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு பழைய சுவர் விளம்பரத்தின் முன்னால் நின்றுகொண்டிருந்தேன். சுண்ணாம்பு உரிந்து பாதி எழுத்து போய்விட்டது. கீழே ஓரத்தில் எழுதியவர் பெயர் மட்டும் அப்படியே இருக்கிறது. அது மனதைவிட்டுப் போகாமல் இருந்தபோதுதான் உங்கள் கடிதம் வந்தது.

மின்சாரக் கேள்வியை விட்டுவிடுங்கள், அதற்குப் பாடப்புத்தகம் இருக்கிறது. கதை தாவுகிறதே என்றால், அது லண்டனில் 'வேலியண்ட்' வார இதழில் 1962 அக்டோபரில் தொடங்கி, வாரத்துக்குச் சில பக்கங்களாக வந்த தொடர். ஒவ்வொரு வாரமும் பையன்களைத் தவிக்கவிட்டு நிறுத்தியாக வேண்டும். மொத்தமாகச் சேர்த்து ஒரே மூச்சில் படித்தால் திகட்டத்தான் செய்யும்.

சரி, ரசனைக்கு வருகிறேன். என்னிடம் இருந்தது அட்டை கிழிந்த ஒரு பிரதி. லூயிஸ் கிராண்டல், பேராசிரியர் பாரிங்கரின் உதவியாளன். ஆய்வுக்கூட விபத்தில் உடம்பில் மின்சாரம் பாய்ந்து ஆள் மறைந்துபோகிறான். இரும்புக் கை மட்டும் மறைவதில்லை. கிடைத்த சக்தியை வைத்துக்கொண்டு முதலில் திருடத்தான் கிளம்புகிறான். நல்லவனாகி நிழல்படை என்ற உளவு அமைப்பில் சேருவதெல்லாம் பிற்பாடு. அந்தத் திருட்டு மாயாவியைத்தான் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

என் தாய்மாமா சைன்போர்டு எழுதுபவர். 1978ஆக இருக்கும். ஒரு மத்தியானம் அவர் பட்டறைத் திண்ணையில் உட்கார்ந்து நான் அதைப் படித்துக்கொண்டிருந்தேன். எனாமல் வாசனையோடு பின்னால் வந்து நின்றவர் புத்தகத்தைப் பிடுங்கினார். திட்டப்போகிறார் என்று பயந்தேன். அவர் ஒரே கட்டத்தை ரொம்ப நேரம் பார்த்தார். இருட்டில் அந்தக் கை மட்டும் ஒரு கம்பியைப் பற்றித் தொங்குகிற கட்டம்.

"இந்த விரல் கணுவப் பாரு. மினுமினுப்புக்கு வெள்ள அடிக்கல, பேப்பரையே வெள்ளையா வுட்டிருக்கான்" என்றார். அப்புறம் மணிக்கட்டுக்குப் பக்கத்தில், ஒன்றுமே வரையாத இடத்தில், பெயிண்ட் ஒட்டிய சுண்டுவிரலை வைத்தார். "இங்க ஆளு நிக்கிறான்டா. தோள் இந்த ஒசரத்துல வருது, தல இங்க. முழு ஆளையும் மனசுல வரஞ்சிட்டு கைய மட்டும் வுட்டிருக்கான்."

பிறகு முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை புரட்டினார். ஒவ்வொரு பக்கத்தின் மூலையையும் பார்த்தார். "இத வரஞ்சவன் பேரு எங்கடா?"

பெயர் இல்லை. மூன்றடி பலகை எழுதினாலும் ஓரத்தில் தன் பெயரைப் போடாமல் தராத மனிதர் அவர். இவ்வளவு பெரிய வேலைக்காரன் பெயர் இல்லாமல் போனது அவருக்குத் தாங்கவில்லை. அன்று மாலை வரைக்கும் அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்தப் பெயர் ஹெசூஸ் பிளாஸ்கோ. 1919இல் பார்சிலோனாவில் பிறந்தவர், 1995இல் இறந்தார். அந்தக் காலத்து பிரிட்டிஷ் வார இதழ்கள் வரைந்தவர் பெயரையும் எழுதியவர் பெயரையும் போடுவதில்லை. ஒரு ஸ்பானியரின் கை லண்டனுக்குப் போய், 1972இல் முத்து காமிக்ஸின் முதல் இதழாகச் சிவகாசியில் அச்சாகி, கடலூர்த் திண்ணை வரைக்கும் வந்தது. கை மட்டும்தான் வந்தது, ஆள் வரவில்லை. இன்னொரு பிரிட்டிஷ் காமிக்ஸ் நாயகன் ஸ்பைடரும் (ஸ்பைடர்மேன் இல்லை) இதே கதைதான். 'லயன்' வார இதழில் அவனுக்குப் பல கதைகள் எழுதிய ஜெர்ரி சீகல்தான் சூப்பர்மேனை உருவாக்கிய இருவரில் ஒருவர். அவரும் ஜோ ஷுஸ்டரும் 1938இல் சூப்பர்மேனை 130 டாலருக்கு விற்றார்கள். பறிபோன பெயரை 1970களின் நடுவில், வயதான காலத்தில் போராடித்தான் திரும்ப வாங்கினார்கள்.

நாமும் சேர்ந்துதான் இதைச் செய்தோம், கி. மாயாவி மாயாவி என்று உயிரை விட்டோம். வரைந்தது யார் என்று நம்மில் எத்தனை பேர் கேட்டோம்? நீங்கள் கடிதம் முழுக்கக் கதையைப் பற்றியே பேசுகிறீர்கள். படங்களைப் பற்றி ஒரு வரி இல்லை. பத்துப் பக்கம் தாண்ட முடியவில்லை என்றால் தாண்டாதீர்கள், ஒரே பக்கத்தில் நில்லுங்கள். பத்து வயதில் உங்களைக் கட்டிப்போட்டது அந்தக் கறுப்பும் வெள்ளையும்தான். அதை மட்டமான ரசனை என்று எழுத உங்களுக்கு எப்படி மனசு வந்தது?

பிளெக்ஸ் வந்த பிறகு மாமாவுக்கு வேலை இல்லாமல் போயிற்று. கடைசியில் அரிசி மண்டி ஒன்றில் கணக்கு எழுதினார். 2011 டிசம்பரில் தானே புயல் அடித்தபோது கூரை ஓடு பறந்து என் புத்தகங்கள் ஊறிப்போயின. அட்டை இல்லாத அந்தப் பிரதியும் அதோடு போனது. பிளாஸ்கோ என்ற பெயர் எனக்குத் தெரிய வந்தபோது மாமா இறந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. போய்ச் சொல்ல ஆள் இல்லை.

மகள் படிக்கவில்லை, கையை மட்டும் வரைந்துகொண்டிருக்கிறாள் என்று குறையாக எழுதியிருக்கிறீர்கள். அந்தப் புத்தகத்தை உங்கள் வீட்டில் சரியாகப் படித்தது அவள் ஒருத்திதான். நோட்டைப் பிடுங்காதீர்கள். நல்ல தாளும் 2பி பென்சிலும் வாங்கிக் கொடுங்கள். வரைந்ததில் ஒன்றை எனக்கு அனுப்புங்கள். ஓரத்தில் அவள் பெயரை அவள் கையாலேயே எழுதியிருக்க வேண்டும்.

அன்புடன்.